[சொல்லாக்கம்] வயிற்றில் அமிலம் குறைந்தால் அதற்கு என்ன பெயர்?

அஸ்தம்பட்டி ஆசிரியை:

குழுவினருக்கு வணக்கம்.

ஏற்காட்டு மலைக் கிராமங்களில் மகளிர் குழுக்களுக்குக் கொடுக்க ஒரு கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். செரிமானத்தை மருந்துக்கு ஓடாமல் எப்படிச் சீராக்கலாம் என்பதுதான் பொருள். திங்கட்கிழமை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். மென்று தின்பது, இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் 2, 3 மணி நேரம் இடைவெளி விடுவது, பயறுகளை ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைப்பது என்று முக்கால்வாசி எழுதிவிட்டேன். மூன்று இடங்களில் கை நிற்கிறது.

ஒன்று, டைஜஸ்டிவ் என்சைம், அதாவது உணவைச் சிதைத்துச் செரிக்கவைக்கும் பொருள். பாடநூலில் நொதி என்று இருக்கிறது. மலையில் அது புரியுமா? இரண்டு, ஹைப்போகுளோர்ஹைட்ரியா, அதாவது இரைப்பையில் அமிலம் போதுமான அளவு சுரக்காத நிலை. இதற்குப் பழக்கத்தில் ஒரு தமிழ்ச் சொல் எனக்குக் கிடைக்கவில்லை. மூன்று, ‘ஸ்டமக் ஆசிட் சப்போர்ட்’ என்று ஒரு தலைப்பு. இந்த ‘சப்போர்ட்’டை என்ன செய்வது?

இரண்டாவதுதான் அவசரம். உதவுங்கள்.

செவ்வாய்ப்பேட்டைப் புலவர்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

அமிலம் வடசொல். ‘அம்ல’ என்பதன் திரிபு. நமக்குக் காடி என்ற நல்ல சொல் இருக்கிறது. ‘காடிக் கஞ்சியானாலும் மூடிக் குடி’ என்பது நம் பழமொழி. புளித்த நீர்மம் எல்லாம் காடிதான். ஆகவே இரைப்பைக் காடி. அது குறைந்த நிலை காடிக்குறை. எளிது, சுருக்கம், தூய்மை.

செரிமானம் என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘மானம்’ என்ற ஈற்றை எல்லாவற்றோடும் ஒட்டும் பழக்கம் எனக்கு உவப்பில்லை. செரிப்பு என்றாலே போதும். அதைவிடப் பழையது அறுதல். ‘மருந்தென வேண்டாவாம் யாக்கைக்கு அருந்திய தற்றது போற்றி உணின்’ என்ற குறளில் ‘அற்றது’ என்றால் செரித்தது. மருந்து அதிகாரத்தில் 942, 943, 944 என அடுத்தடுத்து மூன்று குறள்களில் இந்தச் சொல்லை வள்ளுவர் ஆண்டிருக்கிறார். உண்ட உணவு தன் உருவம் அற்றுப்போவதுதானே செரிமானம்? அறு என்ற வேரிலிருந்து செரிமானத்துக்கு ‘அறல்’, என்சைமுக்கு ‘அறுப்பி’ என்று ஆக்கலாம் என்பது என் நெடுநாள் கருத்து. தனித்தமிழ் அறிஞர் தேவநேயப் பாவாணர் 1944 முதல் 1956 வரை தமிழ் கற்பித்த ஊர் நம் சேலம். இந்த ஊரிலிருந்து வெளிவரும் கையேட்டில் வேர் தெரிந்த சொற்கள் இருக்க வேண்டும்.

ஏற்காடு செவிலியர்:

ஐயா வணக்கம்ங்க. டீச்சர், நான் இந்த மலையில் வீடு வீடாகப் போகிறவள். அதனால் ஒன்று சொல்லிவிடுகிறேன்.

காடி என்றால் இங்கே மாட்டுக்குத் தீவனம் வைக்கிற இடம். ‘உங்க இரைப்பைக் காடி குறைஞ்சிருக்கு’ என்று சொன்னால் எந்தப் பெண்ணும் என் முகத்தைத்தான் பார்ப்பாள். அறுப்பி என்றால் அரிவாளைத் தேடுவாள். இதைப் பழிப்பாகச் சொல்லவில்லை ஐயா. சொல்லைக் கேட்டதும் அவர்கள் மனதில் எது வருகிறது என்று பார்க்கவேண்டியது என் வேலை.

அமிலமும் அப்படி ஒன்றும் இதமான சொல் இல்லை. அமிலம் என்றால் ஆசிட். ஆசிட் என்றால் கக்கூஸ் கழுவுவது. கீழே செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்கு வேலைக்குப் போய்வந்தவர்களுக்கு இன்னும் பயம். அங்கே ஆசிட் பட்டு விரல் வெந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள். ‘வயித்துல ஆசிட் கம்மியா இருக்குனு கவலைப்படணுமா? நல்லதுதானே?’ என்றுதான் கேட்பார்கள்.

இன்னொரு சிக்கல். எரிச்சல், ஏப்பம், உப்புசம் எது வந்தாலும் கடைக்குப் போய் அமிலத்தை முறிக்கும் ஆன்டாசிட் ஒரு பாக்கெட் வாங்கித் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிடுகிறார்கள். அமிலம் குறைந்தாலும் சாப்பிட்டதும் வயிறு கல் மாதிரி இருக்கும், ஏப்பம் வரும். கூடினாலும் ஏறக்குறைய இதே மாதிரிதான். வெறும் அறிகுறியை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆகவே நீங்கள் வைக்கிற சொல் ‘குறைவு’ என்பதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

நாகலூர் காபித்தோட்டம்:

நொதி பற்றி மட்டும் என் பங்குக்கு.

அறுவடைக் காலத்தில் பழத்தோலை உரித்த காபிக்கொட்டையைத் தொட்டியில் போட்டு வைப்போம். கொட்டையைச் சுற்றி வழவழவென்று ஒரு பசை இருக்கும். தண்ணீரில் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. ஓர் இரவு கிடந்தால் அதுவே நெகிழ்ந்துவிடும். குளிர் அதிகமாக இருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். மறுநாள் மேஸ்திரி முழங்கை வரை தொட்டிக்குள் விட்டு ஒரு கை அள்ளிப் பிசைவார். கொட்டை வழுக்கினால் இன்னும் ஆகவில்லை. கூழாங்கல் உரசுகிற மாதிரி சரசரவென்று கேட்டால் கழுவலாம். பசையைக் கரைப்பது அந்தப் பழத்திலும் அதில் வளரும் நுண்ணுயிர்களிலும் இருக்கிற என்சைம்கள். எங்கள் ஆட்கள் இதைப் ‘புளிக்கப் போடுறது’ என்பார்கள். நொதிக்கப் போடுவது என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஆனாலும் நொதி இருக்கட்டும் என்பேன். ஜெர்மனியில் கூனே என்ற விஞ்ஞானி 1877இல் என்சைம் என்ற பெயரை வைத்தபோது ‘ஈஸ்டுக்குள் இருப்பது’ என்ற பொருளில்தான் கிரேக்கத்திலிருந்து எடுத்தார். நொதித்தல் என்றாலும் நுரைத்துப் பொங்குவதுதான். அவர் போன தடத்திலேயே நம் சொல்லும் போயிருக்கிறது. இதைவிட நல்ல பொருத்தம் கிடைப்பது கடினம். கையேட்டில் நொதி என்று போட்டுவிட்டு, ‘சோற்றை நெடுநேரம் மென்றால் இனிக்கிறதே, அதைச் செய்வது எச்சிலில் உள்ள நொதி’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். வாயில் போட்டுப் பார்த்தவர்களுக்கு மறக்காது.

அஸ்தம்பட்டி ஆசிரியை:

தோட்டத்து அண்ணா, அந்த வரியை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். நொதி முடிந்தது. அப்புறம் ‘சப்போர்ட்’?

உயிர்வேதியியல் ஆசிரியர், ஓமலூர்:

நொதி முடிந்தது என்று டீச்சர் சொன்னாலும் ஒரு கவலை இருக்கிறது. மூல நூலில் பப்பாளிக்காய், அன்னாசி இவற்றை ‘இயற்கைச் செரிமான நொதிகள்’ என்று போட்டிருப்பார்களே? பப்பாளிப் பாலில் பபைன் என்ற நொதி இருப்பதும் அன்னாசியில் புரோமெலைன் என்ற நொதி இருப்பதும் உண்மை. கறி மெதுவாகட்டும் என்று பப்பாளிக்காயை அரைத்துத் தடவுவது இதனால்தான். ஆனால் நொதி ஒரு புரதம். கொதித்தால் செத்துவிடும். பப்பாளிக்காய்க் கூட்டு சாப்பிட்டால் நார்ச்சத்து கிடைக்கும், நொதி கிடைக்காது. இதை அடிக்குறிப்பில் போடாமல் பாடத்துக்குள்ளேயே எழுதுங்கள்.

அமிலத்துக்கு வருகிறேன். இரைப்பையில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான் என்று வில்லியம் பிரௌட் 1824இல் காட்டினார். 1836இல் ஷ்வான், புரதத்தைச் செரிக்கும் நொதியான பெப்சினைப் பிரித்தார். இந்த இரண்டுக்கும் உள்ள உறவுதான் முக்கியம். இரைப்பைச் சுவர் பெப்சினைச் செயல்படாத வடிவத்தில், பெப்சினோஜனாகத்தான் சுரக்கிறது. அமிலம் பட்ட பிறகே அது பெப்சின் ஆகிறது. அமிலம் குறைந்தால் புரதம் செரிப்பது தளரும், உணவோடு போகும் கிருமிகள் சாகாமல் தப்பும், இரும்பும் பி12உம் உறிஞ்சப்படுவது குறையும். மலையில் இரத்தசோகை பார்க்கிற செவிலியர் அக்காவுக்கு இது தெரிந்திருக்கும்.

சரி, ‘சப்போர்ட்’. இதை மொழிபெயர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அது விற்பவர் சொல். ‘நோயைக் குணமாக்கும்’ என்று சொன்னால் மருந்துச் சட்டம் கேள்வி கேட்கும். ‘சப்போர்ட்’ என்றால் கேட்காது. தமிழில் எழுதும்போது வினையைத் தெளிவாகச் சொல்லியே ஆக வேண்டும். அமிலத்தைக் கூட்டுகிறதா, வெளியிலிருந்து கொடுக்கிறதா, சுரப்பதைத் தூண்டுகிறதா? மூன்றும் வேறு. பீட்டெய்ன் ஹைட்ரோகுளோரைடு மாத்திரை என்றால் வெளியிலிருந்து அமிலம் கொடுப்பது. வயிற்றுப் புண் இருப்பவரோ மூட்டுவலிக்குத் தினமும் வலி மாத்திரை போடுபவரோ அதைத் தானாக வாங்கி விழுங்கினால் ஆபத்து. ‘அமிலத் துணை’ என்று அழகாக எழுதி அந்த ஆபத்தை மறைத்துவிடாதீர்கள்.

செவ்வாய்ப்பேட்டைப் புலவர்:

ஓமலூர் ஆசிரியர் சொன்ன ‘சப்போர்ட்’ விளக்கத்தை முழுமனதோடு ஏற்கிறேன். தமிழ் வினையைக் கேட்டு வாங்கும் மொழி.

காடியை விடுகிறேன். மலையில் அது தொழுவத்தைக் குறிக்கும் என்றால் வற்புறுத்துவது முறையில்லை. ஆனால் அதனால் அமிலம் வென்றுவிட்டதாக எண்ண வேண்டாம். வள்ளுவர் இன்னொரு சொல்லையும் வைத்திருக்கிறார். ‘தீயள வன்றித் தெரியான் பெரிதுண்ணின் நோயள வின்றிப் படும்.’ அந்தத் தீ வயிற்றுத் தீ. பரிமேலழகரும் அப்படித்தான் உரை சொல்கிறார். சித்த மருத்துவத்தில் ‘மந்தாக்கினி’ என்பதும் இதுவே, தீ மந்தமாகிவிட்ட நிலை. நல்ல தமிழில் தீக்குறை. யாருக்கும் ஆசிட் பயம் வராது. கக்கூஸ் நினைவும் வராது. ‘பசித்தீ’ என்று ஊரில் இன்னும் சொல்கிறார்களே.

இதே சேலத்தில் ராஜாஜி வக்கீலாக இருந்தபோது, 1916இல், அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார். அவருடைய வழி வடசொல்லை விலக்காத வழி. பின்னர் இங்கு வந்த பாவாணர் வழி வேறு. இரண்டு வழிகளும் நடந்த ஊரில் நாம் எதைத் தேர்ந்தோம் என்பதைப் பின்னால் வருபவர்கள் பார்ப்பார்கள்.

டொரொண்டோ (சொந்த ஊர் யாழ்ப்பாணம்):

வணக்கம். இடையில் வாறதுக்கு மன்னிக்க வேணும். இலங்கைப் பாடநூல்களில் நாங்கள் செரிமானத்தைச் சமிபாடு என்றும் என்சைமை நொதியம் என்றும்தான் படித்தோம். சமிபாட்டுத் தொகுதி, சமிபாட்டு நொதியம். எங்கட பிள்ளைகளுக்கு இந்தச் சொற்கள் பழகிப்போய்விட்டன. புலவர் ஐயா ‘அறல்’ என்று ஒன்று புதிதாக வைத்தால் ஒரே பொருளுக்குக் கடலுக்கு இரண்டு பக்கமும் மூன்று சொல் ஆகிவிடும். இரண்டு நாட்டுக்கும் பொதுவாக இருக்கும் ‘அமிலம்’ என்ற சொல்லையாவது பிரிக்காமல் விடுங்கள்.

ஏற்காடு செவிலியர்:

தீக்குறை கேட்க நன்றாக இருக்கிறதுங்க ஐயா. ஆனால் அது வேறு பொருளுக்குப் போய்விடும் என்று பயப்படுகிறேன். எங்களிடம் வருகிறவர்கள் ‘வயிறு தீயா எரியுது’ என்று சொல்லித்தான் வருகிறார்கள். அவர்களுக்குத் தீ என்றால் எரிச்சல். தீக்குறை என்றால் எரிச்சல் குறைந்துவிட்டது, நல்லாகிவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். அமிலம் குறைந்தவருக்கு நேர் எதிர்ச் செய்தி போய்ச் சேரும்.

அவர்களே சொல்கிற சொல் மந்தம். ‘ரெண்டு நாளா வயிறு மந்தமா இருக்கு’ என்பார்கள். குழந்தைக்கும் மந்தம், பெரியவர்களுக்கும் மந்தம். சுக்கும் ஓமமும் கொடுப்பது அதற்குத்தான். ஆனால் அது எல்லா வயிற்றுக் கோளாறுக்கும் பொதுச்சொல். நோயின் பெயராக வைக்க முடியாது. விளக்கும் வரியில் வைக்கலாம்.

இன்னொன்றும் எழுதுங்கள் டீச்சர். சமையல் சோடாவைத் தண்ணீரில் கலந்து குடித்து, ஏப்பம் எப்போது வருகிறது என்று பார்த்து அமில அளவைக் கண்டுபிடிக்கலாம் என்று செல்போனில் யாரோ பரப்பிவிட்டிருக்கிறார்கள். அதை நம்ப முடியாது. நெடுநாள் அமிலக் குறைப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், வயதானவர்கள், இரத்தசோகை மாத்திரை போட்டும் தேறாதவர்கள் டாக்டரிடம் போகட்டும்.

நாகலூர் காபித்தோட்டம்:

‘சப்ளிமென்ட்’ என்று வருமே, அதற்கு இணை உணவு என்று போட்டுவிடாதீர்கள். அங்கன்வாடியில் ஆறு மாதக் குழந்தைக்குக் கொடுப்பதுதான் இங்கே இணை உணவு. நொதி மாத்திரை என்று பச்சையாகச் சொல்லிவிடலாம்.

உயிர்வேதியியல் ஆசிரியர், ஓமலூர்:

ஆமாம். அந்த நொதி மாத்திரையும் எல்லாருக்கும் வேண்டியதில்லை. கணையம் சுரக்காதவருக்கு அது மருந்து. பால் ஒத்துக்கொள்ளாதவருக்கு லாக்டேஸ் என்ற நொதி உதவும். மற்றபடி நல்ல வயிற்றுக்கு நம் உடம்பு சுரப்பதே போதும்.

சொல்லுக்கு என் வாக்கு: ‘இரைப்பை அமிலக் குறைவு’. நீளம்தான். ஆனால் எங்கே, எது, என்ன ஆயிற்று என்று மூன்றும் அதில் இருக்கிறது.

அஸ்தம்பட்டி ஆசிரியை:

இன்று ஞாயிறு இரவு. இனித் தள்ள முடியாது. ஓமலூர் சார், செவிலியர் அக்கா, தோட்டத்து அண்ணா, டொரொண்டோ நண்பர் நால்வரும் ஒரு பக்கம் நிற்பதால் ‘இரைப்பை அமிலக் குறைவு’ என்றே போடுகிறேன். முதல் முறை வரும் இடத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: ‘நம் இரைப்பையே சுரக்கும் அமிலம் உணவைச் செரிக்க உதவுகிறது. அது கழுவப் பயன்படுத்தும் ஆசிட் அல்ல. அது போதாமல் போனால் சாப்பிட்டதும் வயிறு மந்தமாகும். இதை இரைப்பை அமிலக் குறைவு என்கிறோம். மந்தம் வேறு காரணங்களாலும் வரலாம், ஆகவே தொடர்ந்து இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.’

‘சப்போர்ட்’ என்று வந்த தலைப்பை எடுத்துவிட்டு, ‘அமிலம் சுரக்க நாம் செய்யக்கூடியது’ என்று மாற்றினேன். அதன் கீழ் நிதானமாக உட்கார்ந்து மென்று தின்பது, அளவாகச் சாப்பிடுவது, மருந்தை டாக்டரைக் கேட்காமல் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது என்பது, இவ்வளவே. புலவர் ஐயா, உங்கள் 947ஆம் குறள் ‘அளவாக’ என்ற பகுதிக்கு மேலே முழுதாக வருகிறது.

செவ்வாய்ப்பேட்டைப் புலவர்:

குறள் வருவதில் மகிழ்ச்சி. பெரும்பான்மை முடிவுக்குக் கட்டுப்படுகிறேன். ஆனால் என் மறுப்பைக் குழுவின் பதிவில் வையுங்கள். மலையில் ஒரு பொருள் மாறுகிறது என்பதற்காகத் தீக்குறை பிழையான சொல் ஆகிவிடாது. பத்துக் கையேடுகளில் வந்தால் மலையும் பழகும். நொதி அப்படித்தானே பழகியது? மறுபதிப்பின்போது மீண்டும் கேட்பேன்.

ஒரு ஐயம் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய படியில், சாப்பிட்டது தொண்டைக்கு ஏறி வருவதற்கு ஓரிடத்தில் ‘எதுக்களிப்பு’ என்றும் இன்னோரிடத்தில் ‘எதிர்க்களிப்பு’ என்றும் இருக்கிறது. எதிர் என்பதன் திரிபா, தனி வேரா என்று நாளைக் காலை தனி இழையில் எழுதுகிறேன். அச்சகத்துக்குப் போகுமுன் ஏதாவது ஒன்றாக மாற்றிவிடுங்கள்.