டர்பனில் சுகர் ஆராய்ச்சி: புதிதாக வருபவர்கள் எங்கே தொடங்குவது?

சென்னை, வேலூர், கோவை என்று பல இடங்களிலிருந்து பிஎச்.டி.க்கோ போஸ்ட்டாக்குக்கோ (பிஎச்.டி. முடித்தபின் செய்யும் ஆய்வுப் பணி) தென்னாப்பிரிக்காவின் டர்பன் வந்து சேர்கிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "நீரிழிவு ஆராய்ச்சிக்கு இங்கே என்ன வாய்ப்பு?" வாய்ப்பு நிறையவே உண்டு. ஆனால் நீரிழிவு என்று பெயர்ப்பலகை மாட்டிய இடங்களில் மட்டும் தேடினால் பாதிதான் கண்ணில் படும். இந்த நாட்டில் ஆய்வுப் பணம் பல ஆண்டுகளாக எச்.ஐ.வி., காசநோய் பக்கமே பாய்ந்திருக்கிறது. ஆய்வகம், களப்பணியாளர், உறைபெட்டி, தரவுத்தளம் எல்லாம் அங்கேதான் குவிந்திருக்கின்றன. உங்கள் சர்க்கரைக் கேள்வியை அங்கே கொண்டுபோய்க் கோத்துவிடுவதுதான் கெட்டிக்காரத்தனம்.

உதாரணம் வேண்டுமா? ஆப்பிரிக்கா ஹெல்த் ரிசர்ச் இன்ஸ்டிட்யூட் நடத்திய வுகுஸாஸி ஆய்வைப் படியுங்கள். டர்பன் இருக்கும் குவாசூலு-நடால் மாகாணத்தின் வடக்கே, உம்கன்யாகுடே மாவட்டக் கிராமங்களில், 2018 முதல் 2020 வரை 15 வயதைத் தாண்டிய 17 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்தார்கள். எச்.ஐ.வி., காசநோய், ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாவற்றையும் ஒரே முகாமில் பார்த்தார்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு நோய் கட்டுக்குள் இருந்தது. சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அப்படி இல்லை. இந்த ஒரு முடிவிலிருந்தே பல ஆய்வுக்கேள்விகள் கிளம்பும். டொலுடெக்ராவிர் என்கிற எச்.ஐ.வி. மாத்திரை எடுப்பவர்களுக்கு எடை கூடுகிறதே, சர்க்கரை என்னாகிறது? ரத்தசோகை உள்ள ஊரில் எச்பிஏ1சியை (சில மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எந்த அளவுக்கு நம்புவது? நீரிழிவு இருந்தால் காசநோய் வரும் ஆபத்து ஏறக்குறைய மூன்று மடங்கு; காசநோய் மருத்துவமனையிலேயே சர்க்கரையைப் பார்த்துவிட்டால் என்ன? 2016 இறப்புக் கணக்கில் இந்நாட்டில் முதலிடம் காசநோய்க்கு, இரண்டாமிடம் நீரிழிவுக்கு. இரண்டையும் சேர்த்துக் கேட்பவருக்கு வழிகாட்டியும் கிடைப்பார், நிதியும் வரும்.

அடுத்து, "தென்னாப்பிரிக்க இந்தியர்களை யாரும் ஆராயவில்லை" என்று தயவுசெய்து ப்ரொபோசல் எழுதாதீர்கள். முதல் பக்கத்திலேயே சிரித்துவிடுவார்கள். 1960களிலேயே டர்பன் கிங் எட்வர்ட் VIII மருத்துவமனையில் ஜி. டி. கேம்ப்பெல் நடால் இந்தியர்களையும் சூலு மக்களையும் ஒப்பிட்டு, சர்க்கரை தின்பதற்கும் சர்க்கரை நோய்க்கும் உள்ள தொடர்பைத் தேடினார். அப்புறம் ஓமர், சீடாட், ஆயிஷா மோட்டாலா என்று ஒரு வரிசையே உண்டு. டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதி இந்தியர்களிடம் தனியாக ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. மோட்டாலா குழு கேம்பிரிட்ஜுடன் சேர்ந்து, நகரத்துக் கறுப்பின மக்களிடம் டர்பன் டயபடீஸ் ஸ்டடியையும் நடத்தியது. இவற்றைப் படித்துவிட்டு, எது விட்டுப்போயிருக்கிறது என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். பேராசிரியர்கள் நேரம் ஒதுக்குவார்கள்.

உணவு ஆய்வு செய்ய வருபவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சென்னையில் தயாரித்த உணவு வினாத்தாளை அப்படியே இங்கே நீட்டாதீர்கள். இட்லி, தோசை, பொங்கல் என்று கட்டம் போட்டிருக்கும். எதிரே உட்கார்ந்திருக்கும் கவெண்டர் ஆன்ட்டி அன்றாடம் சாப்பிடுவது ரொட்டி, பீன்ஸ் கறி, வெள்ளை பிரெட். வாரக் கடைசியில் பிரியாணி, பன்னி சௌ (குடைந்த பிரெட்டுக்குள் குழம்பு ஊற்றித் தருவது). இன்னொன்று, புரட்டாசி. இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் பலர் அந்த மாதத்தை நம்மூரைவிடக் கறாராகக் கடைப்பிடிக்கிறார்கள், வீட்டில் கறி மீன் வாசனையே இருக்காது. செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை "நேற்று என்ன சாப்பிட்டீர்கள்" என்று கேட்டுப் பதிவு செய்தால் டர்பன் தமிழர் எல்லாரும் சைவம் என்று உங்கள் கட்டுரை சொல்லும். குளிர்பானக் கணக்குப் பார்ப்பவர்கள் 2018 ஏப்ரலில் வந்த சர்க்கரை வரியையும் மனதில் வையுங்கள். 100 மில்லிக்கு 4 கிராமுக்கு மேல் போகும் ஒவ்வொரு கிராமுக்கும் வரி. அதற்கு முந்தைய தரவையும் பிந்தைய தரவையும் ஒரே கூடையில் போடக்கூடாது.

இனி காகித வேலை. அலுப்பான விஷயம்தான், இருந்தாலும் தள்ளிப்போட்டால் ஆண்டே போய்விடும். பட்டச் சான்றிதழ்களை சாக்கா என்கிற தென்னாப்பிரிக்கத் தகுதி ஆணையத்தில் மதிப்பிடக் கொடுப்பதை ஊரிலிருந்தே தொடங்கலாம். எம்.பி.பி.எஸ். படித்திருந்தாலும் எச்.பி.சி.எஸ்.ஏ. என்கிற இந்நாட்டு மருத்துவத் தொழில் கவுன்சிலின் பதிவு இல்லாமல் இங்கே நோயாளிக்கு மருத்துவம் பார்க்க முடியாது. ஆய்வகத்தோடு நின்றுகொள்பவருக்கு அது தேவையில்லை, ரத்தம் எடுக்கப் பதிவுபெற்ற செவிலியரை வைத்துக்கொண்டால் போதும். குவாசூலு-நடால் பல்கலைக்கழகத்தில் சேர்பவர்கள் பிரெக் என்கிற நெறிக்குழுவின் ஒப்புதல் இல்லாமல் மனிதர்களிடம் ஒரு கேள்விகூடக் கேட்கக்கூடாது. அரசு மருத்துவமனையில் நோயாளிகளைச் சேர்ப்பதானால் மாகாண சுகாதாரத் துறையின் அனுமதியும் வேண்டும்.

சென்னையோடு கூட்டாய்வு செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாக. மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் போன்ற இடங்களின் அனுபவத்துக்கு இங்கே மதிப்பு உண்டு, இரு மக்களையும் ஒப்பிடும் கேள்வி தானாகவே எழுகிறது. ஒரே மூதாதையர், 1860இல் கரும்புத் தோட்ட வேலைக்கு இங்கே கப்பலேறத் தொடங்கியபிறகு வேறு வேறு உணவு. ஆனால் மாதிரிகளை அனுப்பும் விஷயத்தில் விளையாட வேண்டாம். 2018இல் அரசிதழில் வந்த ஒப்பந்தப் படிவத்தின்படிதான் உயிரியல் மாதிரி நாட்டைவிட்டுப் போக முடியும், அதோடு ஏற்றுமதி அனுமதியும் தேவை. தரவுக்கு போபியா என்கிற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. என்னைக் கேட்டால், ரத்தத்தை அனுப்புவதைவிட ஆளை அனுப்புவது நல்லது. இரு பக்கமும் ஒரே முறையில் அளந்து எண்களை மட்டும் ஒப்பிடுங்கள்.

யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று: அங்கீகாரம் பெற்ற இதழ்களில் வரும் கட்டுரைகளுக்கு அரசு பல்கலைக்கழகங்களுக்கு மானியம் தருகிறது. கட்டுரையை எழுதியவர் தன் பெயரோடு எந்த நிறுவனத்தைப் போடுகிறார் என்பதை வைத்தே அது பிரியும். போஸ்ட்டாக்குகளை இங்கே விரும்பி எடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம். உங்கள் பழைய கல்லூரியின் பெயரை மட்டும் போட்டு வெளியிட்டால் பேராசிரியர் முகம் வாடும், காரணம் சொல்லமாட்டார்.

பயிற்சிக்கு: செம்ட்சா என்கிற நாளமில்லாச் சுரப்பி, நீரிழிவுத் துறைச் சங்கத்தில் சேர்ந்து அதன் ஆண்டு மாநாட்டுக்கு ஒரு போஸ்டராவது அனுப்புங்கள். நாட்டின் நாளமில்லாச் சுரப்பி நிபுணர்கள் பெரும்பாலும் அங்கே வருவார்கள், கூட்டம் சிறியது, காபி வரிசையில் பேசிவிடலாம். அவர்களுடைய இதழை இலவசமாகவே படிக்கலாம். மரபணுப் பக்கம் ஆர்வம் இருந்தால் ஜோஹன்னஸ்பர்க்கில் உள்ள விட்ஸ் பல்கலைக்கழகத்தின் சிட்னி பிரென்னர் நிறுவனத்தைப் பாருங்கள். செவிலியர், உணவியலாளர்களுக்கு சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் இணையவழி வகுப்புகளில் இலவசமானவையும் உண்டு. உதவித்தொகை விஷயத்தில் மட்டும் கனவு வேண்டாம். என்.ஆர்.எஃப். என்கிற தேசிய ஆராய்ச்சி நிதியத்தின் பணத்தில் பெரும்பங்கு குடிமக்களுக்கும் நிரந்தர வாழ்வுரிமை உள்ளவர்களுக்கும் போகிறது. வழிகாட்டியின் ப்ராஜெக்ட் நிதியிலிருந்து சம்பளம் வருகிறதா, எத்தனை ஆண்டுக்கு என்று எழுத்தில் வாங்கிவிட்டு விமானம் ஏறுங்கள்.

தமிழ் தெரிந்தால் களத்தில் உதவுமா என்று கேட்டவருக்கு: கோயிலில் உதவும், கிளினிக்கில் உதவாது. இங்குள்ள தமிழர்களில் பெரும்பாலோர் வீட்டிலும் ஆங்கிலமே பேசுகிறார்கள். ஒப்புதல் படிவம் ஆங்கிலத்திலும் சூலுவிலும் இருக்க வேண்டும், சூலு கொஞ்சம் கற்றுக்கொண்டால் செவிலியர்கள் உங்களைத் தங்கள் ஆளாகவே நடத்துவார்கள்.

மின்சாரம் போனால் உறைபெட்டியில் உள்ள மாதிரிகள் என்னாகும் என்று கேட்ட தங்கைக்கு: நல்ல கேள்வி. மின்வெட்டு முன்பைப்போல இல்லை, இருந்தாலும் மைனஸ் 80 டிகிரி உறைபெட்டிக்கு ஜெனரேட்டர் இருக்கிறதா, வார இறுதியில் அலாரம் யாருடைய ஃபோனுக்குப் போகும் என்பதைச் சேருமுன்பே கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் மாதிரிகளை வைக்க வேறு ஆய்வகம் பாருங்கள்.