நெதர்லாந்துக்கு அணை மட்டும் போதுமா?

கரைமேடு:
காலநிலை மாற்றத்தால் கடல் ஏறி நெதர்லாந்து மூழ்கப்போகிறது, அதனால் எரிவாயுவை விட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். ஐ.நா.வின் காலநிலை அறிஞர் குழுவான ஐபிசிசியின் 2007 அறிக்கை, நாட்டின் 55 சதவீதம் கடல்மட்டத்துக்குக் கீழே என்று தப்பாகப் போட்டது, உண்மையில் 26தான். 1953 வெள்ளத்தில் அங்கே 1,836 பேர் இறந்தார்கள். அப்புறம் கடலைத் தடுக்க டெல்டா அணைகளைக் கட்டினார்கள். ராட்டர்டாமைக் காக்கும் மாஸ்லாண்ட் கதவு 2023 டிசம்பரில் கடல் ஏறியபோது தானாகவே மூடிக்கொண்டது. பணமும் பொறியாளர்களும் இருக்கும் நாடு எரிவாயுவை விட்டுவிட்டு ஏன் அல்லாட வேண்டும்?

உப்புக்காற்று:
அந்த அறிக்கைக்கு வந்த திருத்தத்தை முழுசாகப் படியுங்கள் நண்பரே. 26 கடல்மட்டத்துக்குக் கீழே, இன்னொரு 29 ஆற்று வெள்ளம் ஏறக்கூடிய நிலம். கூட்டினால் அதே 55! அணைக்கு எதிரி தண்ணீர் மட்டுமில்லை. 2003 ஆகஸ்டில் வில்னிஸ் ஊரில் கால்வாய்க் கரை உடைந்தது மழையால் அல்ல, வறட்சியால். மக்கிய செடிமண்ணால் ஆன கரை காய்ந்து, எடை குறைந்து, நீரின் தள்ளலுக்கு நகர்ந்துவிட்டது. மாஸ்லாண்ட் கதவு அதற்கு என்ன செய்யும்?

கரைமேடு:
வில்னிஸ் எனக்குப் புதிது, சரி. ஆனால் இத்தனை சின்ன நாடு புகையைக் குறைத்தால் கடல் இறங்குமா? உள்நாட்டிலேயே குரோனிங்கன் பகுதியில் எடுத்த எரிவாயுவை 2023-ல் நிறுத்தினார்கள். இப்போது கப்பலில் வரவழைத்து எரிக்கிறார்கள்.

உப்புக்காற்று:
குரோனிங்கனை இதில் இழுக்காதீர்கள். அதை மூடியது எரிவாயு எடுத்ததால் வந்த நிலநடுக்கத்துக்காக. 2012-ல் அங்கே ஹவுசிங்க ஊரில் 3.6 ரிக்டர், வீடுகளெல்லாம் விரிசல். 'சின்ன நாடு' வாதத்தை, புகையைக் குறைக்கச் சொல்லி அர்ஹெண்டா என்ற சுற்றுச்சூழல் அமைப்பு போட்ட வழக்கில் அரசே வைத்துப் பார்த்தது. அவரவர் பங்கை அவரவர் செய்ய வேண்டும் என்று 2019-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது.

ஐந்தோவன்வாசி:
நான் நெதர்லாந்தில், ஐந்தோவன் நகரில்தான் குடியிருக்கிறேன். 2018 ஜூலையிலிருந்து புது வீடுகளுக்கு எரிவாயு இணைப்பு கிடையாது. என் வாடகை வீடு பழசு. எரிவாயு இல்லாமல் மின்சாரத்தில் வீட்டைச் சூடாக்கும் வெப்ப பம்பு கேட்டால் வீட்டுக்காரர் சிரிக்கிறார். கூரைக்குக் கூரை சூரியத் தகடு, ஆனால் மின்கம்பிகளில் இடமில்லை. புது மின் இணைப்புக்குத் தொழிற்சாலைகளே வரிசையில் நிற்கின்றன. நீங்கள் இருவரும் அணையைப் பற்றியே பேசுகிறீர்கள்.

கரைமேடு:
மின்கம்பி விஷயத்தில் ஒத்துப்போகிறேன். ஆனால் ஒன்று: வில்னிஸ் கரையைத் திரும்பக் கட்டியது நீதிமன்றம் இல்லை.

உப்புக்காற்று:
கரை காய்ந்தால் மாஸ்லாண்ட் கதவு என்ன செய்யும் என்றுதான் கேட்டேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.