திருவிழா கேசட் 140 இருக்கு: கூத்து, பம்பை, ஆர்க்கெஸ்ட்ரா. கம்ப்யூட்டர்ல ஏத்த என்ன வழி?

காவேரிப்பட்டணம்காரன்

வணக்கம்ங்க. பெரியப்பா சேர்த்து வச்ச கேசட் 140 கைக்கு வந்திருக்கு. சி-60 எண்பது, சி-90 அறுபது. எல்லாம் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து மேடைதான்: மயானக் கொள்ளைக்கு அடிச்ச பம்பை, திரௌபதி அம்மன் கோயில் கூத்து, மாரியம்மன் பண்டிகைக்குப் போட்ட ஆர்க்கெஸ்ட்ரா, ஓசூர் தேருக்கு வாசிச்ச நாதஸ்வரம். 1983-லிருந்து 2001 வரைக்கும்னு தெரியும். பாதிக்கு மேல அட்டையில ஊர்ப் பேர் மட்டும் இருக்கு, வருஷம் இல்லை.

டூ-இன்-ஒன்ல போட்டா போர்வைக்குள்ள இருந்து பாடுற மாதிரி மங்கலா கேக்குது. மூணு கேசட் கீச்சுனு கத்துது. ஒண்ணு நாடா அறுந்திருக்கு. நாலஞ்சுல வெள்ளைப் பூசணம். யூ.எஸ்.பி. வச்ச வாக்மேன் மாதிரி ஒண்ணு ஆன்லைன்ல விக்குதே, அது போதுமா? நடுவுல மைக்ல பேசுற அறிவிப்பையெல்லாம் வெட்டிட்டு, இரைச்சலையும் எடுத்துட்டு, பாட்டை மட்டும் எம்பி3 ஆக்கிடலாம்னு யோசனை. சரியா?

ஹெட்கிளீனர்

அந்த யூ.எஸ்.பி. வாக்மேனை வாங்காதீங்க. மோட்டார் ஒரே வேகத்துல ஓடாது, நாதஸ்வரத்துல ஒரு நீண்ட கார்வை வந்தா ஆடுறது பச்சையாத் தெரியும். பழைய வீட்டு டெக் ஒண்ணு, லைன் அவுட் (ஒலியை வெளிய எடுக்கிற ஓட்டை) இருக்கிறதா, செகண்ட் ஹேண்ட்ல பாருங்க. வாங்கினதும் பெல்ட்டைப் பாக்கணும். வருஷக்கணக்கா சும்மா இருந்த டெக்ல ரப்பர் பெல்ட் தார் மாதிரி உருகி புல்லியில ஒட்டியிருக்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹால்ல துடைச்செடுத்துட்டு புல்லிகளைச் சுத்தின அளவுக்குக் கொஞ்சம் குறைவான புது பெல்ட் போடணும். லூசா போட்டா வேகம் ஆடும், ரொம்ப இறுக்கினா மோட்டார் புஷ் தேயும்.

நாடாவைப் படிக்கிற ஹெட், நாடாவை இழுக்கிற கேப்ஸ்டன் கம்பி ரெண்டையும் 99 சதவீத ஐசோபுரொபைல்ல பஞ்சுக் குச்சி வச்சுத் துடைங்க. மெடிக்கல்ல விக்கிற 70 சதவீதத்துல தண்ணி அதிகம், அது வேண்டாம். நாடாவை அந்தக் கம்பியோட அழுத்துற ரப்பர் பிஞ்ச் ரோலருக்கு ஆல்கஹால் அடிக்கடி போட்டா காஞ்சு வெடிக்கும். லேசான சோப்புத் தண்ணியில துடைச்சு நல்லா காய விடுங்க. நாலஞ்சு கேசட்டுக்கு ஒரு தடவை துடைக்கணும். பழுப்பா பொடி நிறைய வந்தா ஒவ்வொரு கேசட்டுக்கும்.

மங்கலுக்கு வருவோம். பத்துக்கு எட்டு கேஸ் அஜிமத் தான். ரெக்கார்டு பண்ணின மெஷின் ஹெட் நின்ன கோணமும் இப்ப ஓட்டுற ஹெட் நிக்கிற கோணமும் ஒண்ணா இல்லைன்னா மேல் சுருதி எல்லாம் செத்துடும். டெக்ல கேசட் கதவோட மூடியைக் கழட்டினா ஹெட்டுக்கு ரெண்டு பக்கமும் ஸ்குரூ இருக்கும். அடியில ஸ்பிரிங் இருக்கிறதுதான் அஜிமத் ஸ்குரூ. ரெண்டு சேனலையும் மோனோவா சேர்த்து ஹெட்போன்ல கேட்டுக்கிட்டே கால் சுத்துக்குள்ள மெதுவா திருப்புங்க. சத்தம் திடீர்னு பளிச்சுனு திறக்கிற இடம்தான் இடம். மோனோவில ஏன் கேக்கணும்னா, கோணம் கொஞ்சம் தப்பினாலும் ரெண்டு சேனலும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டு மேல் சத்தம் காணாமப் போகும், காது உடனே பிடிச்சிடும். கூத்து கேசட்டுக்கு குழித்தாளத்தோட "டிங்"கை அளவுகோலா வச்சுக்கோங்க, பேச்சை வச்சுத் திருப்பினா ஏமாந்துடுவீங்க. ஏ பக்கம் சரியா இருந்தா பி பக்கமும் சரியா இருக்கும்னு நம்பக் கூடாது, திருப்பிப் போட்டதும் மறுபடி பாக்கணும். காந்தம் ஏறின ஸ்குரூடிரைவர் ஹெட் கிட்டயே போகக் கூடாது.

டால்பி (நாடா இரைச்சலைக் குறைக்கிற வசதி) பட்டன் ஆஃப். அந்தக் காலத்துல மேடை முன்னால வச்ச போர்ட்டபிள்ல பெரும்பாலும் டால்பி கிடையாது. ஆன் பண்ணினா இருக்கிற கொஞ்ச நஞ்சமும் மங்கும். டேப் வகை "நார்மல்". அட்டையில குரோம்னு போட்டிருந்தா மட்டும் மாத்துங்க.

கம்ப்யூட்டர்ல மைக் ஓட்டையில சொருகாதீங்க. லேப்டாப் ஹெட்செட் ஓட்டை மோனோ மைக்குக்கு உள்ளது, லைன் லெவலைக் கொடுத்தா கிழியும். லைன் இன் உள்ள ஒரு சின்ன யூ.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கிடுங்க. உம்ம்னு இரைச்சல் வந்தா லேப்டாப் சார்ஜரைக் கழட்டி பேட்டரியில ஓட்டிப் பாருங்க, பாதி நேரம் அதுலயே போயிடும்.

ரெக்கார்டு பண்ண ஆடாசிட்டி மென்பொருள் போதும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ, வேவ் ஃபைல். உலக ஒலிக் காப்பகங்கள் சொல்ற குறைந்தபட்சமும் அதுதான். ஒரு மணி நேரத்துக்கு சுமாரா 1.04 ஜி.பி. ஆகும். உங்க கணக்குல 80 மணியும் 90 மணியும் சேர்ந்து 170 மணி நேரம், சுமார் 176 ஜி.பி. அப்புறம் ஃபிளாக் ஃபைலா ஆக்கினா இன்னும் சுருங்கும், ஒலி ஒரு துளியும் குறையாது. லெவலை உச்சம் மைனஸ் 10 டெசிபல் பக்கம் நிக்கிற மாதிரி வைங்க. 24 பிட்ல குறைச்சு வச்சா நஷ்டம் இல்லை. பம்பைக்காரர் திடீர்னு ஒரு அடி ஏத்தி அடிச்சா அது மேல முட்டாம இருக்கணும்.

மைக்செட்

மேல சொன்னது எல்லாம் சரி. ஆனா மிஷின்ல போடுறதுக்கு முன்னாடி கேசட்டையே பாக்கணும்.

முதல் வேலை, பின்பக்க விளிம்புல இருக்கிற ரெண்டு சின்ன பிளாஸ்டிக் நாக்கையும் உடைச்சிடுங்க. இல்லைன்னா யாராவது தெரியாம ரெக்கார்டு பட்டனைத் தட்டிடுவாங்க. அடுத்து, நாடா வர்ற வாய்ப்பக்கம் நடுவுல தாமிரத் தகட்டுல ஒரு பஞ்சு ஒட்டியிருக்கும். அது விழுந்திருந்தா நாடா ஹெட்டை அழுத்தாது. சத்தம் மங்கலா ஏறி இறங்கும். நீங்க சொல்ற மங்கல்ல பாதி இதாக்கூட இருக்கும். பசை போட்டு ஒட்ட வேண்டாம், பசை கசிஞ்சா நாடா போச்சு. அஞ்சு ஸ்குரூ போட்ட நல்ல கேசட் ஒண்ணைத் திறந்து, அதோட நாடாவை எடுத்துட்டு, இந்த ரெண்டு சக்கரத்தையும் அப்படியே அதுக்குள்ள மாத்தி வைங்க. ஸ்குரூ இல்லாம ஒட்டின கேசட்டா இருந்தா பிளேடால ஓரத்து ஒட்டுல மெதுவா நெம்பித் திறக்கணும். ஓடு உடைஞ்சா கவலையில்லை, நாடா முக்கியம்.

கீச்சுனு கத்துறதுக்கும் இதே வைத்தியம்தான். உள்ள இருக்கிற வழவழப்பான தாள் காஞ்சு சுருங்கி சக்கரத்தைப் பிடிக்கும். முதல்ல கடைசி வரைக்கும் ஃபார்வர்டு, திரும்ப ரீவைண்ட், ரெண்டு தடவை. அதுலயும் கத்தினா புது ஓட்டுக்கு மாத்துங்க. எண்ணெய், டபிள்யூ.டி.-40 எதுவும் ஆகாது. இணையத்துல நாடாவை ஓவன்ல வச்சு சுடச் சொல்லுவாங்க. அது சில வகை பெரிய ரீல் நாடாவுக்கு உள்ள வைத்தியம். கேசட்டை வச்சா ஓடு நெளிஞ்சுடும்.

அறுந்த நாடாவை செல்லோ டேப் போட்டு ஒட்டாதீங்க. அதோட பசை வெயில்ல இளகி அடுத்த சுத்துல ஒட்டிக்கும். 3.81 மில்லிமீட்டர் அகலத்துல கேசட்டுக்குன்னே ஸ்ப்ளைஸிங் டேப் இருக்கு. ரெண்டு முனையையும் சாய்வா வெட்டி, விளிம்போட விளிம்பு சேர்த்து, முதுகுப் பக்கத்துல ஒட்டணும். ஹெட்ல உரசுற பக்கம் ஒட்டக் கூடாது.

பூசணம் பிடிச்சதைத் தனிப் பையில போட்டு சிலிக்கா ஜெல்லோட ஒரு வாரம் வைங்க. அப்புறம் வாசல்ல உக்காந்து, முகக்கவசம் போட்டுக்கிட்டு, கேசட்டோட வெளி ஓடு முழுக்க ஆல்கஹால்ல துடைச்சு, நாடாவை ஒரு மலிவான பழைய மெஷின்ல ரெண்டு தடவை ஓட்டிச் சுத்துங்க. நல்ல டெக்ல நேரா போட்டா அடுத்த பத்து கேசட்டுக்கும் பூசணத்தைப் பரப்பும்.

ஒரு விஷயத்துல எதிர்பார்ப்பைக் குறைச்சுக்கணும். போர்ட்டபிள் ரெக்கார்டர்ல ஆட்டோ லெவல் இருக்கும். பம்பை அடி விழுந்ததும் மொத்தச் சத்தமும் அமுங்கி, அடி நின்னதும் கூட்டத்து இரைச்சல் மேல ஏறும். ரெக்கார்டு ஆகும்போதே நடந்தது அது, முழுசா மீட்க முடியாது. குழாய் ஸ்பீக்கர் முன்னால வச்சு எடுத்ததுல கீழ் சத்தமே இருக்காது. குழாய் கொடுக்காததை ஈக்வலைசர் கொடுக்காது, பாஸ் ஏத்தினா ஜெனரேட்டர் உறுமல்தான் ஏறும்.

காவேரிப்பட்டணம்காரன்

ரொம்ப நன்றிங்கண்ணா. பஞ்சு விழுந்தது மட்டும் 22 கேசட், இப்பத்தான் எண்ணினேன். இரைச்சல் நீக்குறதையும் அறிவிப்பு வெட்டுறதையும் பத்தி யாரும் சொல்லலையே. இன்னொண்ணு, ஒரு கூத்து ஆறு கேசட்டா இருக்கு, எது முதல் எது கடைசின்னு தெரியலை.

முகவீணை

வெட்டவே வெட்டாதீங்க. உங்களுக்கு வருஷம் தெரியலைன்னு நீங்களே சொல்றீங்க. வருஷம் அந்த அறிவிப்புலதான் இருக்கு.

"இன்று வெள்ளிக்கிழமை, ஆடி 18" மாதிரி கிழமையும் தமிழ்த் தேதியும் சேர்ந்து ஒரு வரி கிடைச்சா போதும். 1983-க்கும் 2001-க்கும் நடுவுல அந்தச் சேர்க்கை ரெண்டு மூணு வருஷத்துக்குத்தான் பொருந்தும், பழைய பஞ்சாங்கத்துல பாத்துடலாம். நடுராத்திரிக்கு அப்புறமும் மைக்ல பேசுறவர் முந்தின நாள் கிழமையையே சொல்லிக்கிட்டிருப்பார், அதையும் கணக்குல வைங்க. மயானக் கொள்ளை சுலபம்: மகா சிவராத்திரி முடிஞ்ச அமாவாசை, வருஷம் தெரிஞ்சா தேதி தானா வரும். ஊத்தங்கரையோ போச்சம்பள்ளியோ "தருமபுரி மாவட்டம்"னு சொன்னா 2004 பிப்ரவரிக்கு முந்தினது, அப்பத்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆச்சு. உங்க கேசட் எல்லாமே அதுக்கு முந்தினதுங்கிறதால இது அட்டையில ஊர்ப் பேரும் இல்லாததுக்குத்தான் உதவும்.

ஆர்க்கெஸ்ட்ராவுக்கு வேற வழி. பாடின சினிமாப் பாட்டுலயே எது புதுசோ அந்தப் பாட்டு வெளிவந்த தேதிதான் கீழ் எல்லை. புதுப் பாட்டை ஆறு மாசத்துக்குள்ள பாடிடுவாங்க, அதனால பெரும்பாலும் அந்த வருஷமே. ஆக்டோபேட் (எலக்ட்ரானிக் டிரம்) சத்தம் கேட்டா 1985-க்கு முன்னால இருக்கவே முடியாது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மேடைன்னா நடுவுல கன்னடமும் தெலுங்கும் வரும். ஊர் பேர் இல்லாத கேசட்டுக்கு அது ஒரு தடயம்.

ஆறு கேசட்டை வரிசைப்படுத்துறது: சி-90 ஆறுன்னா 9 மணி நேரம், ஒரே ராத்திரிக் கூத்துக்குச் சரியா வருது. மேளக்கட்டும் (தொடக்க வாத்திய முழக்கம்) கடவுள் வாழ்த்தும் எதுல இருக்கோ அது முதல். கட்டியக்காரன் (கூத்தை அறிமுகப்படுத்துற கோமாளி) வர்றது அதே கேசட்டோட பின்பக்கமோ ரெண்டாவதோ. ஒவ்வொரு வேஷமும் திரைக்குப் பின்னால நின்னு பாடிட்டுத்தான் வெளிய வரும், அந்தத் திரை விருத்தங்களை மட்டும் எழுதிக்கிட்டா வரிசை புரிஞ்சிடும். மங்களம் பாடினது கடைசி. அதுல பின்னணியில சேவல் கூவுறது கேக்கும், மத்ததுல கேக்காது. பாரதக் கூத்து பல ராத்திரி நடக்கும், அதனால எந்தக் கதைன்னும் கேட்டு எழுதுங்க: வில் வளைப்பு, பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர்னு போகும். அர்ச்சுனன் தபசும் கர்ண மோட்சமும் ஒரே கட்டுல இருந்தா அது ஒரே ராத்திரி இல்லை, யாரோ ரப்பர் பேண்டு மாத்திப் போட்டிருக்காங்க.

ஹெட்கிளீனர்

இரைச்சல் நீக்கம் பத்திக் கேட்டீங்க. மூல ஃபைல்ல கையே வைக்காதீங்க. அந்த நாடா இன்னொரு தடவை நல்லா ஓடும்னு உத்தரவாதம் இல்லை, ஆனா வடிகட்டுற வேலையை எப்ப வேணாலும் நகல்ல பண்ணலாம். நகல்ல பண்ணும்போதும் 6 டெசிபலுக்கு மேல குறைக்காதீங்க. அதிகமாப் போனா குழித்தாளமும் கூத்துல ஊதுற முகவீணையும் தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி கொழகொழன்னு ஆகும், ஏன்னா அதுங்க நிக்கிற மேல் சுருதியிலதான் நாடா இரைச்சலும் நிக்குது.

இன்னொண்ணு வேகம். போர்ட்டபிள்ல பேட்டரி இறங்க இறங்க நாடா மெதுவா ஓடியிருக்கும், இப்ப சரியான வேகத்துல ஓட்டினா சுருதி படிப்படியா ஏறிக்கிட்டே போகும். கூத்துலயும் ஆர்க்கெஸ்ட்ராவுலயும் ஆர்மோனியம் இருந்தா அதுதான் உங்க அளவுகோல், ரீடு ஒரே ராத்திரியில மாறாது. பக்கத்தோட தொடக்கத்துல ஒரு நீண்ட ஆர்மோனிய சுரம், கடைசியில அதே சுரம், ரெண்டையும் சுருதி அளக்கிற ட்யூனர்ல அளங்க. முழு அரைச்சுரம் ஏறியிருந்தா வேகம் சுமார் 6 சதவீதம் தப்பு. பாடகர் அடுத்த பாட்டுக்கு ஒண்ணுலிருந்து ஒண்ணரைக் கட்டை சுருதிக்கு மாறினதைப் பேட்டரின்னு நினைச்சுத் திருத்திடாதீங்க: பேட்டரி மெதுவா ஏத்தும், பாடகர் ஒரே தாவா தாவுவார். 50 ஹெர்ட்ஸ் கரண்ட் உறுமலை வச்சுத் திருத்தலாம்னு சிலர் சொல்லுவாங்க. நம்ம ஊர்ல அப்போ கரண்டே 50-ல நிக்காது, பாதி மேடைக்கு ஜெனரேட்டர் வேற.

மைக்செட்

யூடியூப்ல போடுற எண்ணம் இருந்தா ஒரு வார்த்தை. ஆர்க்கெஸ்ட்ரா பாடினது உள்ளூர்க் குழுவா இருந்தாலும் பாட்டும் மெட்டும் வேறொருத்தருக்குச் சொந்தம், தானியங்கித் தடை விழும். கூத்துக்கும் பம்பைக்கும் அந்தச் சிக்கல் குறைவு. ஆனா நம்ம பதிப்புரிமைச் சட்டத்துல கலைஞருக்கு நிகழ்ச்சி நடந்ததுலேருந்து 50 வருஷம் உரிமை இருக்கு. உங்க கேசட் எல்லாமே அதுக்குள்ளதான் வருது. குழு இன்னும் ஆடுதான்னு ஊர்ல விசாரிச்சு, ஒரு பென் டிரைவ்ல நகல் கொடுத்துட்டுக் கேளுங்க.

ஃபைல் பேர்ல ஊர், கோயில், கேசட் நம்பர், பக்கம் நாலும் இருக்கட்டும். கேசட் மேல பென்சில்லயும் அதே நம்பர். அட்டை ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து அதே ஃபோல்டர்ல போடுங்க. வேலை முடிஞ்ச கேசட்டைக் கடைசி வரைக்கும் ஓட்டி, நிமிர்த்தி, ஸ்பீக்கர் காந்தத்துக்குத் தள்ளி வைங்க. தகரக் கூரைக்கு அடியில பரண்ல மட்டும் வேண்டாம்.

காவேரிப்பட்டணம்காரன்

சேவலை வச்சு கடைசி கேசட் கிடைச்சிடுச்சுங்க. நாலாவதுன்னு நம்பர் போட்டிருந்ததுதான் அது. பெல்ட் அளவு எடுக்க நூல் சுத்தி அளந்தா போதுமா?

ஹெட்கிளீனர்

போதும். பழைய பெல்ட் நீண்டிருக்கும், அதை அளக்காதீங்க. புல்லி ரெண்டையும் சுத்தி நூல் போட்டு அளந்து, அதுல 5 சதவீதம் குறைச்சு வாங்குங்க.