ஹேக்கில் பணம் போனவர்களுக்கு நஷ்டஈட்டு டோக்கன்: ஓட்டுப் போடும் முன் என்ன கேட்க வேண்டும்?

தேன்சிட்டு:

ஒரு லெண்டிங் புரோட்டோகாலில் (கிரிப்டோவைக் கடனுக்கு விட்டு வட்டி தரும் நிரல்) யுஎஸ்டிசி, அதாவது ஒரு டாலர் மதிப்பில் நிற்கும் கிரிப்டோ நாணயம், போட்டு வைத்திருந்தேன். அதில் பாதி என் அக்காவின் பணம். அவருக்கு கிரிப்டோ பற்றி எதுவும் தெரியாது, என்னை நம்பிக் கொடுத்தார். புரோட்டோகால் ஹேக் ஆகி எல்லாம் போய்விட்டது. நடத்தியவர்கள் ஒரு அறிக்கை விட்டதோடு சரி, அப்புறம் ஆளையே காணோம்.

இப்போது பணத்தை இழந்தவர்களில் சிலர் டிஸ்கார்டில் கூடி ஒரு திட்டம் போட்டிருக்கிறார்கள். ஹேக் நடந்த நேரத்தில் யாரிடம் எவ்வளவு இருந்தது என்ற பதிவை (ஸ்னாப்ஷாட்) பார்த்து, இழந்த ஒரு டாலருக்கு ஒரு புதிய டோக்கன் தருவார்கள். அதை யார் வாங்கினாலும் விற்றாலும் 4% பிடித்து, பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதியில் சேர்ப்பார்கள். மொத்த டோக்கனில் 20% ஒருங்கிணைப்பவர்களுக்கு. மொத்த இழப்பு சுமார் 1 கோடி டாலர். சீக்கிரம் ஓட்டெடுப்பு வருகிறது.

அவர்களைத் திருடர்கள் என்று என்னால் நினைக்க முடியவில்லை. அவர்களும் பணத்தைப் பறிகொடுத்தவர்கள்தான். ஆனால் அக்காவிடம் போய் "பணம் வரும்" என்று சொல்வதற்கு முன், இப்படி ஒரு டோக்கனால் யாருக்காவது நிஜமாகவே பணம் திரும்பி வந்திருக்கிறதா என்று தெரிய வேண்டும்.

கரைமணல்:

வரவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். போனது போகட்டும், புதிதாக எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். இழந்தவர்களைத் தேடிப்பிடித்து இரண்டாம் முறை அடிப்பதற்கென்றே கூட்டம் இருக்கிறது.

நெடுவழி:

கரைமணல் சொல்லும் எச்சரிக்கை சரிதான். ஆனால் "வரவே வராது" என்பது உண்மை இல்லை. வந்த கதையும் உண்டு, அது எப்படி வந்தது என்று பார்த்தால் உங்கள் கேள்விக்கே பதில் கிடைக்கும்.

2016 ஆகஸ்டில் பிட்ஃபினெக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 1,20,000 பிட்காயின் திருடு போனது. அந்த நஷ்டத்தை எல்லா வாடிக்கையாளர் கணக்கிலும் பரப்பி, தலைக்குச் சுமார் 36% கழித்தார்கள். டாலராக வைத்திருந்தவருக்கும் அதே வெட்டுதான். கழித்த ஒவ்வொரு டாலருக்கும் பிஎஃப்எக்ஸ் என்று ஒரு டோக்கன் கொடுத்தார்கள். சந்தையில் அது ஒரு டாலரை விட மிகக் குறைந்த விலைக்குப் போனது, பயந்து விற்றவர்கள் நிறைய. ஆனால் 2017 ஏப்ரலுக்குள் மிச்சமிருந்த டோக்கன் எல்லாவற்றையும் ஒரு டாலர் கணக்கில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். சிலர் அதற்கு முன்பே டோக்கனை நிறுவனத்தின் பங்காக மாற்றிக்கொண்டார்கள்.

இது ஏன் நடந்தது? டோக்கன் என்பது ஒரு கடன் சீட்டு. சீட்டை நீட்டினால் பணத்தை எண்ணி வைக்க எதிரே ஒருவர் இருக்க வேண்டும். பிட்ஃபினெக்ஸுக்குத் தினமும் வர்த்தகக் கட்டணம் வந்துகொண்டிருந்தது. சீட்டு எழுதிக் கொடுத்தவரும் அவர்களே, கட்டணத்தை வாங்குபவரும் அவர்களே. உங்கள் திட்டத்தில் எதிரே உட்காரப் போவது யார்? நீங்கள் எழுதியதில் எனக்கு யாரும் தென்படவில்லை.

கணக்கைப் பாருங்கள். 4% பிடித்தத்தில் 1 கோடி டாலர் சேர வேண்டுமானால் 25 கோடி டாலருக்கு வர்த்தகம் நடக்க வேண்டும். வெளியே வேறு பயனே இல்லாத ஒரு டோக்கனை அவ்வளவு பேர் எதற்காக வாங்கி விற்பார்கள்? விலை ஏறும் என்ற எண்ணத்தில் மட்டுமே வாங்குவார்கள். அப்படி வாங்கியவர் நஷ்டப்பட்டால், உங்கள் அக்காவுக்கு வந்த பணம் இன்னொரு அக்காவிடமிருந்து வந்ததாகிவிடும். இதைச் சொல்ல எனக்கே வருத்தமாகத்தான் இருக்கிறது. போதாததற்கு, முதலில் விற்கப் போவது பணத்தேவை உள்ள பாதிக்கப்பட்டவர்கள்தான். அந்த 4% முதலில் அவர்களிடமிருந்தே பிடிக்கப்படும்.

சமூகமே இதை எதிர்த்த கதையும் இருக்கிறது. 2022 ஜூனில் ஹார்மனி என்ற பிளாக்செயினின் ஹொரைசன் பிரிட்ஜில் (ஒரு செயினிலிருந்து இன்னொன்றுக்குப் பணத்தை மாற்றும் பாலம்) சுமார் 10 கோடி டாலர் போனது. தங்கள் நாணயமான ஒன் (ONE) டோக்கன்களைப் புதிதாக அச்சிட்டு ஈடு செய்யலாம் என்று ஹார்மனி குழு முன்மொழிந்தது. ஏற்கெனவே டோக்கன் வைத்திருந்தவர்கள் கொதித்துவிட்டார்கள். அச்சிட்டால் எல்லோருடைய பங்கும் கரையும், பிரிட்ஜ் பக்கமே போகாதவர் ஏன் அதைச் சுமக்க வேண்டும் என்று கேட்டார்கள். அந்த யோசனை கைவிடப்பட்டது. அங்கே விலை உள்ள டோக்கன் ஒன்று ஏற்கெனவே சந்தையில் இருந்தது, அதிலேயே இந்த நிலை.

இன்னொன்றையும் கேளுங்கள்: நஷ்டம் எந்த நாணயத்தில் கணக்கிடப்படுகிறது? பிட்ஃபினெக்ஸில் பிட்காயினை இழந்தவருக்கு 2016 விலையில் டாலராகத்தான் ஈடு கிடைத்தது. பிறகு பிட்காயின் விலை எங்கோ ஏறிப் போய்விட்டது. 2022 பிப்ரவரியில் அந்தத் திருட்டுப் பணத்தில் 94,000க்கும் மேற்பட்ட பிட்காயினை அமெரிக்க அரசு கைப்பற்றியபோது அதன் மதிப்பு சுமார் 360 கோடி டாலர். உங்களுடையது யுஎஸ்டிசி, அதனால் இந்தச் சிக்கல் உங்களுக்கு இல்லை. கூட இருப்பவர்களில் விலை ஏறி இறங்கும் ஈத்தர் நாணயம் வைத்திருந்தவர்களுக்கு உண்டு.

பனித்துளி_77:

நெடுவழி அண்ணா சொன்னதோடு சேர்த்து ஒன்று. வேறொரு ஹேக்கில் பாதிக்கப்பட்டவர்களின் பட்டியல் தயாரிக்க உதவி செய்திருக்கிறேன். டோக்கனின் பெயர், லோகோ பற்றியெல்லாம் நாள்கணக்கில் பேசுவார்கள். உண்மையான தகராறு பட்டியலில்தான். ஸ்னாப்ஷாட் ஹேக்குக்கு முந்தைய பிளாக்கிலா (பிளாக்செயின் பதிவேட்டின் ஒரு பக்கம் மாதிரி), பிந்தைய பிளாக்கிலா? ஹேக்குக்கு அப்புறம் அடிமாட்டு விலைக்கு டெபாசிட் டோக்கனை (பணம் போட்டதற்கு ரசீதாகக் கிடைப்பது) வாங்கியவரும் பட்டியலில் வருவாரா? வேறொரு வால்ட் (பலரின் பணத்தைச் சேர்த்துப் போடும் நிரல்) வழியாகப் பணம் போட்டவரின் முகவரி ஸ்னாப்ஷாட்டில் தெரியாது, அந்த வால்ட்டின் கான்ட்ராக்ட் (பிளாக்செயினில் ஓடும் நிரல்) முகவரிதான் தெரியும். தேன்சிட்டு, நீங்கள் எந்த வழியாகப் போட்டீர்கள் என்று முதலில் பாருங்கள். பட்டியலை வெளியிட்டு, ஆட்சேபம் சொல்ல அவகாசம் கொடுத்த பிறகே ஓட்டெடுப்பு நடக்க வேண்டும்.

அப்புறம், டோக்கனை வாங்கிக்கொண்டால் பழைய புரோட்டோகால் மீதுள்ள உங்கள் உரிமையை விட்டுக்கொடுத்ததாக ஆகுமா? நிபந்தனைகளை வரி விடாமல் படியுங்கள். 2023 மார்ச்சில் ஆய்லர் என்ற லெண்டிங் புரோட்டோகாலில் சுமார் 19.7 கோடி டாலர் போய், சில வாரங்களில் ஹேக் செய்தவரே கிட்டத்தட்ட எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தார். அபூர்வம்தான், ஆனால் நடக்கிறது. அப்படி ஒரு நாள் பணம் திரும்பினால் அது யாருக்குச் சேரும் என்று இப்போதே எழுதி வைக்க வேண்டும். பிட்ஃபினெக்ஸ்கூடப் பங்காக மாற்றியவர்களுக்கு இதற்கென்றே தனி டோக்கன் கொடுத்தது, மீட்புப் பணத்தில் பங்கு கேட்கும் உரிமையாக. எனக்கு நியாயமாகத் தெரிவது அந்த வகை டோக்கன்தான். அது விலை ஏறும் என்று யாரிடமும் சொல்வதில்லை. பணம் மீண்டால் இவ்வளவு உனக்கு என்று மட்டும் பதிந்து வைக்கிறது.

தேன்சிட்டு:

இருவருக்கும் நன்றி. டிஸ்கார்டில் போய்க் கேட்டேன். பட்டியலை வெளியிட ஒப்புக்கொண்டார்கள். பணம் மீண்டால் டோக்கன் வைத்திருப்பவர்களுக்குப் பிரித்துத் தருவது என்ற வரியையும் சேர்க்கிறார்கள். 20% பற்றிக் கேட்டபோது, வேலை செய்பவர்களுக்குச் சம்பளம் வேண்டாமா என்றார்கள். அதுவும் நியாயம்தானே? இரவு பகலாக உழைக்கிறார்கள்.

நெடுவழி:

உழைப்புக்குக் கூலி கட்டாயம் வேண்டும். அதை மீண்டு வரும் பணத்தில் ஒரு பங்காகக் கேட்கட்டும், பணம் வந்தால் அவர்களுக்கும் வரட்டும். முதல் நாளே 20% டோக்கனைக் கையில் கொடுத்தால், எதுவும் மீளாமலே சந்தையில் விற்று வெளியேற முடியும். நல்லவர்களாக இருந்தாலும் அந்த வாய்ப்பை அவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. பூட்டி வைப்பதாகச் சொன்னால் எந்தக் கான்ட்ராக்டில், எவ்வளவு காலத்துக்கு என்று முகவரியோடு கேளுங்கள். கூடுதலாக டோக்கன் அச்சிடும் (மின்ட்) அதிகாரம் யாரிடம் இருக்கிறது, பலர் கையெழுத்திட்டால்தான் நடக்கும் மல்டிசிக் முறை என்றால் எத்தனை பேர் கையெழுத்து வேண்டும் என்பதையும் கேளுங்கள்.

4% பிடித்தத்தை எடுத்துவிட்டு, சந்தையில் விற்க முடியாத உரிமைச் சீட்டாகக் கொண்டுவந்தால் நான் உங்கள் இடத்தில் ஆதரித்து ஓட்டுப் போடுவேன். இப்போதுள்ள வடிவத்துக்கு எதிராகத்தான் போடுவேன். அக்காவிடம் "பணம் வரும்" என்று சொல்லாதீர்கள். "பெயர் பட்டியலில் இருக்கிறது, மீண்டால் பங்கு உண்டு" என்று மட்டும் சொல்லுங்கள்.

தேன்சிட்டு:

அப்படியே சொல்கிறேன். இப்போதுள்ள வடிவத்துக்கு எதிராக ஓட்டுப் போட்டு, காரணத்தையும் எழுதப் போகிறேன். இன்னொரு விஷயம்: டிஸ்கார்டில் கேள்வி கேட்ட சிறிது நேரத்தில் "மீட்புக் குழு" என்று ஒருவர் தனிச் செய்தி அனுப்பினார். என் கிரிப்டோ வாலட்டை அவர்கள் தளத்தில் இணைத்தால் டோக்கனை முன்கூட்டியே க்ளெய்ம் செய்து பெறலாமாம்.

பனித்துளி_77:

பதில் போடாமல் பிளாக் செய்யுங்கள். வாலட்டை இணைத்ததும் அப்ரூவல், அதாவது உங்கள் பணத்தை எடுத்துக்கொள்ள அனுமதி, கேட்பார்கள். 2021 டிசம்பரில் பேட்ஜர் டிஏஓ என்ற கிரிப்டோ திட்டத்தில் சுமார் 12 கோடி டாலர் போனதே அப்படிக் கேட்ட அப்ரூவல்களால்தான். அங்கே அசல் இணையதளத்திலேயே திருட்டு நிரலைச் செருகியிருந்தார்கள், தளத்தை நம்பி ஒப்புதல் கொடுத்தவர்களின் பணம் போனது. அதனால் க்ளெய்ம் பக்கம் வந்தாலும், பணமே இல்லாத புதிய முகவரிக்கு டோக்கனை வாங்கிக்கொள்ள வழி இருக்கிறதா என்று கேளுங்கள். டோக்கனைப் பெற்றுக்கொள்ளச் செலவழிப்பு அப்ரூவல் எதுவும் தேவையில்லை, கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஹேக் ஆன புரோட்டோகாலுக்கு முன்பு கொடுத்த அப்ரூவல் உங்கள் வாலட்டில் இன்னும் இருக்கும், அதையும் இன்றே நீக்கிவிடுங்கள்.