"இந்த எடம் பத்துதா?" என்று கேட்டால் என்ன பொருள்?

கேள்வி (தண்டையார்பேட்டை):
ஆறு ஆண்டுகளாக ஒரு வீட்டின் மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டுக்கார அம்மா எங்களிடம் இதுவரை கடுமையாக ஒரு சொல் பேசியதில்லை. ஆனால் இந்த மாதத்தில் மட்டும் மூன்று முறை, நான் கீழே தண்ணீர் பிடிக்கும் நேரமாகப் பார்த்து, "இன்னாம்மா, புள்ள வளந்துட்டானே, இந்த எடம் பத்துதா?" என்று கேட்டுவிட்டார். அக்கறையில் கேட்கிறார் என்கிறார் என் கணவர். காலி செய்யச் சொல்கிறார் என்றே எனக்குப் படுகிறது. முதல் முறை என் முகத்தைப் பார்த்துக் கேட்டவர், மூன்றாம் முறை குடத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார். இதை எப்படி உறுதி செய்துகொள்வது?

மறுமொழி 1 (பெரம்பூர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர்):
அவர் கண் குடத்துக்குப் போனதைக் கவனித்தீர்களே, பாதி விடை அதுதான். திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்ற ஒரே பெயரில் இரண்டு அதிகாரங்கள் உள்ளன. 71ஆவது பொருட்பாலில், 110ஆவது காமத்துப்பாலில். இரண்டிலும் கண்தான் சாட்சி.

ஆனால் குறிப்பு வேறு, உள்நோக்கம் வேறு. நாம் புரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்பியே ஒருவர் விடுவது குறிப்பு. நமக்குத் தெரியக்கூடாது என்று மறைப்பது உள்நோக்கம். பேச்சு சூழலுக்குப் பொருந்தாமல் நிற்கும்போது, சொல்பவர் வேறெதையோ உணர்த்துகிறார் என்று கேட்பவர் உய்த்துணர்வதைப் பால் கிரைஸ் என்ற மெய்யியலாளர் 1975இல் வெளியான கட்டுரையில் விளக்கினார். பதில் தெரிந்த கேள்வியை அந்த அம்மா மூன்று முறை கேட்டது அந்த வகைதான். பணிவு மொழியை ஆராய்ந்த பிரவுன், லெவின்சன் இருவரும் முதன்மையாக எடுத்துக்கொண்ட மூன்று மொழிகளில் தமிழும் ஒன்று. மறைமுகமாகக் கேட்டால், கேட்டவரும் பின்வாங்கலாம், கேட்கப்பட்டவரும் புரியாததுபோல் இருக்கலாம். இருவர் முகமும் வாடாது. உங்களை வஞ்சிக்க நினைப்பவர் இவ்வளவு தயங்க மாட்டார் என்பது என் எண்ணம்.

மறுமொழி 2 (காசிமேடு):
என் அம்மா பல ஆண்டுகள் மீன் விற்றவர். "இது எப்போ வந்த மீனு?" என்று கேட்பவருக்கு நாள் கணக்கு வேண்டாம், விலை குறைய வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். சண்டைக்குப் போகாமல், சங்கராவின் செவுளைக் கட்டைவிரலால் தூக்கிச் சிவப்பைக் காட்டிவிட்டு, "எவ்ளோ தருவன்னு நீயே சொல்லும்மா" என்பார். பேச்சு அங்கேயே நேராகிவிடும். நீங்களும் கேட்டுவிடுங்கள், ஆனால் அவர் "அப்படியெல்லாம் இல்லம்மா" என்று சொல்லவும் இடம் வைத்துக் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நேற்று மாலை, "மாடி உங்களுக்குத் தேவைப்படுதாம்மா?" என்று கேட்டேன். கட்டிக்கொண்டிருந்த பூவை மடியில் வைத்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். "தையில சின்னவனுக்குக் கல்யாணம். உன்னாண்ட எப்படிம்மா வாயத் தொறந்து சொல்லுவேன்" என்றார். கார்த்திகை வரை இருக்கலாம், அட்வான்ஸை முழுதாகத் திருப்பித் தருகிறேன் என்றும் சொன்னார். இருவருக்கும் மிக்க நன்றி. வண்ணாரப்பேட்டைப் பக்கம் வாடகைக்கு வீடு இருந்தால் தெரிவியுங்கள்.