தேயிலை பிடுங்கிய நிலத்தில் கேரட் வரிவரியாகக் குட்டையாகிறது: காரணம் என்ன?

கோத்தகிரி ராஜு:
வணக்கம். கோத்தகிரிப் பக்கம் எங்களுக்கு 60 சென்ட் நிலம். அப்பா காலத்திலிருந்து தேயிலைதான். பசுந்தேயிலை விலை கட்டுப்படியாகாததால் செடிகளை வேரோடு பிடுங்கிவிட்டு, போன போகத்தில் கேரட் விதைத்தோம். ஓரத்தில் நான்கு பாத்தி பீட்ரூட். முளைப்பு நன்றாகவே இருந்தது. ஒரு மாதம் கழித்து இலைகள் ஊதா நிறமாகி வளர்ச்சி நின்றுவிட்டது. அதுவும் நிலம் முழுக்க இல்லை, வரிவரியாக. ஒரு பட்டையில் செடி முழங்கால் உயரம், பக்கத்துப் பட்டையில் விரல் உயரம். பீட்ரூட் அந்தப் பட்டைகளில் அடியோடு போய்விட்டது. உரக்கடையில் சொன்னபடி காம்ப்ளக்ஸ் உரம் (தழை, மணி, சாம்பல் சத்துகள் கலந்தது) கூடுதலாகப் போட்டோம், பலனில்லை. கிழங்கைப் பிடுங்கினால் கட்டைவிரல் நீளத்தில் இரண்டு மூன்றாகக் கிளைத்திருக்கிறது. இது நூற்புழுவா? கடைபோகத்துக்கு மறுபடி கேரட் போட வேண்டும், அதற்குள் என்ன செய்யலாம்?

மலைத்தோட்டம்:
தம்பி, நூற்புழு என்றால் சல்லிவேர்களில் கடுகளவு முடிச்சுகள் தெரியும். மண்ணை நீரில் அலசிவிட்டு வேரைப் பாருங்கள்.

கோத்தகிரி ராஜு:
பார்த்தேன் அண்ணா. முடிச்சு எதுவும் இல்லை. வேர் நுனி பழுப்பாகித் தடித்திருக்கிறது, தொட்டால் உடைகிறது. சல்லிவேரே அரிதாகத்தான் இருக்கிறது.

மண்ணியல் மாணிக்கம்:
தம்பி, நீங்கள் சொன்ன இரண்டு அடையாளங்களும் மண்ணின் அமிலத்தன்மையைத்தான் காட்டுகின்றன. தடித்து உடையும் வேர் நுனி ஒன்று. கேரட் தாக்குப்பிடித்த இடத்தில் பீட்ரூட் செத்துப்போனது இன்னொன்று. அமில மண்ணைத் துளியும் பொறுக்காத காய்களில் பீட்ரூட் முன்வரிசையில் நிற்பது. வரிகள் எங்கே வருகின்றன என்று பாருங்கள். பழைய தேயிலை வரிசைகளோடு ஒத்துப்போகும் என்பது என் ஊகம்.

மண்ணின் அமிலத்தை பி.எச். என்ற எண்ணால் அளப்போம்: 7 நடுநிலை, எண் குறையக் குறைய அமிலம் கூடும். தேயிலை 4.5 முதல் 5.5 வரையிலான பி.எச். மண்ணில்தான் செழிக்கும். அந்தச் செடிக்கு அது நல்ல மண். ஆனால் பல்லாண்டுகளாக அம்மோனியம் சல்பேட்டும் யூரியாவும் ஒரே வரிசையில் கொட்டப்பட்டிருக்கும். அம்மோனியம் மண்ணில் நைட்ரேட்டாக மாறும்போது அமிலம் வெளிவருகிறது. 100 கிலோ அம்மோனியம் சல்பேட் விட்டுச்செல்லும் அமிலத்தைச் சமன்செய்ய ஏறக்குறைய 110 கிலோ சுண்ணாம்புக்கல் தூள் வேண்டும். தேயிலை தன் முதிர்ந்த இலைகளில் அலுமினியத்தைச் சேர்த்துவைக்கும் செடி. உதிரும் இலையும் கவாத்துக் கழிவும் அதை மேல்மண்ணிலேயே கொண்டுவந்து சேர்க்கின்றன.

பி.எச். 5.5-க்குக் கீழே இறங்க இறங்க மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேரைத் தொடுகிறது. அது முதலில் கெடுப்பது வளரும் நுனியை. கேரட்டின் ஆணிவேர் நுனி கருகினால் பக்கவேர்கள் தடித்துக் கிளைக்கும். நீங்கள் பார்த்தது அதுதான். கரைந்த அலுமினியமும் இரும்பும் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) பிடித்துக்கொள்வதால்தான் இலை ஊதாவானது. நீங்கள் போட்ட காம்ப்ளக்ஸ் மண்ணில்தான் இருக்கிறது, வேரால் எடுக்க முடியவில்லை. இன்னும் ஒரு மூட்டை போட்டால் அதற்கும் இதே கதிதான். அம்மோனியம் கலந்த உரமானால் மண் மேலும் புளிக்கும்.

உங்கள் நிலத்தில் நான் முதலில் செய்வது மண் பரிசோதனை. நல்ல பட்டையிலும் கெட்ட பட்டையிலும் தனித்தனியாக மாதிரி எடுங்கள். இரண்டையும் கலந்தால் எதற்கும் உதவாத ஒரு சராசரி எண்தான் கிடைக்கும். ‘வி’ வடிவக் குழி வெட்டி, 15 செ.மீ. ஆழம் வரை பக்கவாட்டு மண்ணைச் சுரண்டி, நிழலில் உலர்த்தி அரைக்கிலோ கொடுங்கள். ஆய்வகத்தில் பி.எச். மட்டும் கேட்காமல் சுண்ணாம்புத் தேவையையும் கணக்கிடச் சொல்லுங்கள். ஒரே பி.எச். காட்டும் இரண்டு மண்ணுக்குச் சுண்ணாம்பு ஒரே அளவு வேண்டியதில்லை. நம் மலை மண்ணில் களியும் மட்கும் அதிகம். மணல் மண்ணை எளிதில் திருத்திவிடலாம், இதற்குக் கூடுதல் அளவு வேண்டும்.

காவிரிக்கரை:
ஜிப்சம் போடுங்கள். எங்கள் லால்குடிப் பக்கம் களர் நிலத்தையே அதுதான் திருத்தியது.

மண்ணியல் மாணிக்கம்:
ஐயா, உங்கள் நிலத்துக்கு ஜிப்சம் சரியான மருந்து. களரில் சோடியத்தை வெளியேற்ற வேண்டும், அதை ஜிப்சம் செய்யும். ராஜு நிலத்தின் நோய் நேர் எதிரானது. ஜிப்சத்தில் கால்சியம் உண்டு என்றாலும் அது பி.எச்.-ஐ உயர்த்தாது. அமிலத்தைச் சமன்செய்யக் கார்பனேட்டோ ஹைட்ராக்சைடோ வேண்டும்: சுண்ணாம்புக்கல் தூள், டோலமைட், நீற்றிய சுண்ணாம்பு.

ஊட்டிப் பாத்தி:
ராஜு, டோலமைட் வாங்கினால் மாவு போல் அரைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். குருணையாக இருந்தால் கரைய ஆண்டுக்கணக்காகும். காற்றில்லாத காலையில் தூவி, அன்றே மண்வெட்டியால் கொத்திக் கலந்துவிட வேண்டும். மேலே கிடந்தால் கீழே இறங்காது. சரிவில் ஒரு மழை வந்தால் ஓடையோடு போய்விடும். நீற்றிய சுண்ணாம்பு சீக்கிரம் வேலை செய்யும், ஆனால் கண்ணையும் தோலையும் புண்ணாக்கும், கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடவே வேண்டாம். தொழுவுரத்தையோ யூரியாவையோ சுண்ணாம்போடு ஒரே நாளில் போடக் கூடாது. தழைச்சத்து (நைட்ரஜன்) அம்மோனியாவாகப் பறந்துவிடும், நெடி மூக்கில் ஏறும்போதே தெரியும். இடையில் மூன்று வாரமாவது விடுங்கள்.

கோத்தகிரி ராஜு:
பரிசோதனை முடிவு வந்துவிட்டது. மாணிக்கம் அண்ணா சொன்னதுபோல் வரிகள் பழைய தேயிலை வரிசையேதான். வேலி மூலையில் விட்டுவைத்த இரண்டு செடிகளை வைத்துக் கயிறு பிடித்துப் பார்த்தோம். கெட்ட பட்டையில் பி.எச். 4.4, நல்ல பட்டையில் 5.4. ஒரே ஒரு எண்தானே வித்தியாசம்! கெட்ட பட்டைகளுக்கு ஏக்கருக்கு 2 டன் டோலமைட் கணக்கில் எழுதியிருக்கிறார்கள். மொத்தமாகப் போட்டுவிடலாமா? சீக்கிரம் சரியாகட்டும் என்று கொஞ்சம் கூட்டிப் போட்டால்?

மண்ணியல் மாணிக்கம்:
அந்த ஒரு எண் பத்து மடங்கு தம்பி. 4.4-இல் இருக்கும் அமிலம் 5.4-இல் இருப்பதைப் போல் பத்து பங்கு.

கூட்டிப் போடவே போடாதீர்கள். அளவு மீறினால் போரானும் துத்தநாகமும் வேருக்குக் கிடைக்காமல் போகும். பீட்ரூட் உள்ளே கறுத்துவிடும், பிறகு அதற்கு வேறு வைத்தியம் தேட வேண்டும். எழுதிக் கொடுத்த அளவில் பாதியை இப்போதே போட்டுக் கொத்துங்கள், மீதியை அடுத்த போகத்துக்கு முன்னால், மறுபடி பி.எச். பார்த்துவிட்டுப் போடுங்கள். நல்ல பட்டைக்கு அதற்கென்று எழுதிய அளவு மட்டும். டோலமைட்டில் மக்னீசியமும் இருப்பதால் நம் மண்ணுக்கு அது கூடுதல் நன்மை.

இனி தழைச்சத்துக்கு அம்மோனியம் சல்பேட்டைத் தொடாதீர்கள். கால்சியம் அம்மோனியம் நைட்ரேட் கிடைத்தால் அது மண்ணை இவ்வளவு புளிக்கவைக்காது.

மலைத்தோட்டம்:
சுழற்சியில் உருளைக்கிழங்கு வருமா தம்பி? அது கொஞ்சம் புளித்த மண்ணைப் பொறுத்துக்கொள்ளும். சுண்ணாம்பு போட்ட உடனே நட்டால்தான் தோலில் சொறி விழும். முட்டைக்கோஸ் வேர்வீக்க நோயோ பி.எச். 7-ஐத் தொட்டால்தான் அடங்கும். இரண்டையும் ஒரே பாத்தியில் மாற்றி மாற்றிப் போடுவதானால் சுண்ணாம்பை முட்டைக்கோஸுக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

கோத்தகிரி ராஜு:
நன்றி அண்ணா. கெட்ட பட்டைகளில் இந்தப் போகம் உருளை, டோலமைட்டை அறுவடைக்குப் பிறகு போடலாமா? நல்ல பட்டைகளில் மட்டும் கேரட்?

மண்ணியல் மாணிக்கம்:
4.4 உருளைக்கும் குறைவு. கால் பங்கு டோலமைட்டாவது இப்போது போட்டுவிட்டு நடுங்கள், அலுமினியம் அடங்க அது உதவும், 5.5-ஐத் தாண்டாதவரை சொறிக்குப் பயமில்லை. மீதியை அறுவடை முடிந்த கையோடு கலந்துவிட்டால் அதற்கடுத்த கேரட்டுக்குள் கரைய நேரம் கிடைக்கும். பீட்ரூட் விதையை மட்டும் அந்தப் பட்டைகளில் 6-ஐ நெருங்கும்வரை தூவ வேண்டாம்.