இரும்புக்கை மாயாவியைப் படமெடுத்தால் கையைக் காட்டுவதா, மறைப்பதா?

குன்னூர் கட்டம்:
மாயாவியை வைத்து மூன்று நிமிடக் காட்சி ஒன்றை எடுத்துப் பார்க்கலாம் என்று நம் மலை வாசகர்களிடையே பேச்சு ஓடுகிறது. கேமராவைத் தூக்குவதற்கு முன்னால் ஒன்றை முடித்துவிடுவோம். காமிக்ஸில் இருப்பதை அப்படியே எடுக்கணுமா, திரைக்காக மாற்றணுமா?

நான் ‘அப்படியே’ கட்சி. 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக மாயாவி வந்ததிலிருந்து தமிழ் வாசகர் கண்ணில் நிற்பது ஒரே உருவம்: அந்தரத்தில் ஓர் இரும்புக் கை. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறையும், போட்டிருக்கும் உடுப்பும் மறையும், கை மட்டும் மறையாது. சரி, அந்தக் கையை அவர் எங்கே ஒளிப்பார்? முதுகுக்குப் பின்னால் வைத்தால் முதுகே கண்ணாடி மாதிரி, கை தெரியும். பாக்கெட்டில் விட்டால் பாக்கெட்டும் இல்லை. மேஜைக்கு அடியிலோ, இயந்திரங்களுக்கு நடுவிலோ, இருட்டிலோதான் வைக்க முடியும். எதிராளிக்குச் சுட ஒரு குறி எப்போதும் இருந்துகொண்டே இருக்கிறது. அதனால் கை எல்லா ஃபிரேமிலும் இருக்கணும். அதை மறைத்துவிட்டு எடுப்பது வேறு யாரோ ஒரு மாயமனிதனின் கதை.

கொடை வாசகன்:
கையை எங்கே ஒளிப்பது என்ற கேள்வி அருமையான கேள்வி, அதை ஒத்துக்கொள்கிறேன். ‘எல்லா ஃபிரேமிலும்’ என்பதைத்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

காமிக்ஸ் கட்டத்தில், அதாவது பக்கத்தில் இருக்கும் ஒற்றைப் படத்தில், கை அசையாது. நம் கண் ஒரு நொடி நின்று, மிச்ச உடம்பைத் தானே வரைந்துகொண்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். திரையில் விநாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 படம். பத்து விநாடி அந்தக் கை மேலும் கீழும் ஆடிக்கொண்டு போனால் பொம்மலாட்டம் மாதிரிதான் இருக்கும். பயம் வராது.

கட்டத்தை அப்படியே நகலெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ‘வாட்ச்மென்’ என்ற அமெரிக்க காமிக்ஸ் இருக்கிறது. 1986-87-ல் 12 இதழாக வந்தது. அதன் ஐந்தாவது இதழ் 28 பக்கம். முதல் பக்கத்தின் அமைப்புக்குக் கடைசிப் பக்கம் கண்ணாடிப் பிம்பம், இரண்டாவதற்கு அதற்கு முந்தையது, இப்படியே வந்து 14, 15-ஆம் பக்கங்களில் இரண்டு பாதியும் முகத்துக்கு முகம் நிற்கும். புத்தகத்தைக் கையில் விரித்தால்தான் அது தெரியும். 2009 படம் எத்தனையோ கட்டங்களைக் கோணம் மாறாமல் எடுத்தது. அந்தச் சமச்சீர் மட்டும் வரவில்லை. திரைக்கு நடுப்பக்கம் என்று ஒன்று கிடையாதே!

எதிர்ப்பக்கம் பாருங்கள். 2018-ல் வந்த ‘ஸ்பைடர்-வெர்ஸ்’ என்ற ஸ்பைடர்-மேன் அனிமேஷன் படம் கட்டங்களை நகலெடுப்பதைவிட அச்சுமுறையைத்தான் அதிகம் எடுத்துக்கொண்டது. நிழலுக்குப் புள்ளிகள். தூரத்துப் பொருள் மங்கவேண்டிய இடத்தில் மங்கல் கிடையாது. வண்ணங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நிற்கும், பழைய மலிவுத் தாளில் மை தள்ளி விழுந்த மாதிரி. புதிதாக ஸ்பைடர்-மேன் ஆன, வித்தை பழகாத பையன் மைல்ஸ் ஓர் ஓவியம் இரண்டு ஃபிரேம் நிற்கும் என்ற கணக்கில், விநாடிக்கு 12 அசைவில் நகர்வான். பக்கத்திலேயே அனுபவசாலியான ஸ்பைடர்-மேன் பீட்டர் 24 அசைவில் வழுக்கிக்கொண்டு போவான். பையன் இன்னும் தேறவில்லை என்பதை வசனமே இல்லாமல் சொல்லியாயிற்று. தழுவல் என்றால் எனக்கு இதுதான். தாள் செய்த வேலையைத் திரைக்கு உரிய கருவியால் செய்வது.

குன்னூர் கட்டம்:
ஸ்பைடர்-வெர்ஸ் பற்றி எனக்கும் மறுப்பில்லை. ஆனால் ‘திரைக்காக’ என்று கதவைத் திறந்துவிட்டால் உள்ளே வருவது அச்சுப்புள்ளி மட்டுமில்லை. 1991-ல் ஆறு இதழாக வந்த ‘இன்ஃபினிட்டி காண்ட்லெட்’ காமிக்ஸில் தானோஸ் என்ற வில்லன் பிரபஞ்சத்தின் பாதி உயிர்களை அழிப்பது எதற்காக? மரண தேவதை மேல் வைத்த காதலுக்காக. அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். அந்த ஏக்கம்தான் அவனை அவ்வளவு பயங்கரமானவன் ஆக்குகிறது. 2018-ல் வந்த ‘அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்’ படத்தில் அவன் வளப் பற்றாக்குறைக்குக் கணக்குப் போடுகிறவன். நல்ல படம்தான், ஆனால் மாற்றியதால் ஒரு ஓட்டை விழுந்துவிட்டது: எதையும் செய்யும் சக்தி தரும் ஆறு கல்லும் கையில் இருப்பவன் வளத்தையே இரட்டிப்பாக்கலாமே என்று படம் பார்த்த பள்ளிப் பிள்ளைகூடக் கேட்கும். காதலுக்காகச் செய்பவனிடம் அந்தக் கேள்வியே எழாது. மூலத்தில் ஒரு செங்கல்லை உருவினால் எந்தச் சுவர் சாயும் என்று தெரியாமல் உருவக்கூடாது.

அப்படியே எடுத்து ஜெயித்ததும் உண்டு. 1966-ல் வந்த ‘அமேசிங் ஸ்பைடர்-மேன்’ 33-ஆம் இதழ். பெரிய இயந்திரத்துக்கு அடியில் ஸ்பைடர்-மேன் சிக்கிக் கிடக்கிறார், மேலிருந்து தண்ணீர் கசிகிறது, அத்தைக்கான மருந்துக் குப்பி கைக்கு எட்டாத தூரத்தில். 2017-ல் வந்த ‘ஸ்பைடர்-மேன்: ஹோம்கமிங்’ படத்தில் இடிபாட்டுக்கு அடியில் பையன் தவிக்கும் காட்சி அதிலிருந்து வந்தது. தேங்கிய தண்ணீரில் பாதி முகம், பாதி முகமூடி. அதுவும் அந்த இதழை வரைந்த ஸ்டீவ் டிட்கோவின் கைவழக்கம்.

கொடை வாசகன்:
நீங்கள் சொன்ன உதாரணமே என் பக்கம் சாய்கிறது, நண்பரே. டிட்கோவின் அந்த ஐந்து பக்கத்தில் எடை எங்கே தெரிகிறது? பக்கத்துக்குப் பக்கம் அழுத்தம் ஏற்றிக்கொண்டே போய், தாளைப் புரட்டினால் முழுப்பக்கத்துக்கு ஒரே படமாக அவர் நிமிர்வார். புரட்டுகிற விரல்தான் அந்தப் பாரத்தைத் தூக்குகிறது. திரையில் விரலுக்கு வேலை இல்லை. அதனால் படம் பையனின் குரலை எடுத்துக்கொண்டது. முதலில் உதவி கேட்டுக் கதறுகிறான், பிறகு தன்னையே பேர் சொல்லி அதட்டுகிறான். காட்சி அதே, கருவி வேறு.

இன்னொன்று. ‘அப்படியே’ என்றால் எந்த மாயாவி? 1962-ல் பிரிட்டனின் வேலியன்ட் வார இதழில் ஆரம்பித்தபோது லூயிஸ் கிராண்டல், அதாவது நம் மாயாவி, கெட்டவர். மறையும் சக்தி கிடைத்ததும் தலைக்கேறிப்போன ஆய்வுக்கூட உதவியாளர். அப்புறம்தான் நிழற்படை என்ற உளவு அமைப்பின் உளவாளி. அதற்கும் பிறகு வேஷம் கட்டிய சூப்பர் ஹீரோ. மூலமே இரண்டு தடவை தன்னை மாற்றிக்கொண்டிருக்கிறது.

குன்னூர் கட்டம்:
ஆள் மாறினார், உண்மை. மூன்று காலத்திலும் கை மாறவில்லையே.

லவ்டேல் லென்ஸ்:
எடுக்கிற வழியைச் சொல்றேன், பாதி விவாதம் அதுலயே தீர்ந்துடும்.

நடிகருக்குத் தலையிலிருந்து கால்வரை ஒரே நிறத்துல இறுக்கமான உடை, வலது கையில இரும்புக் கை. உடையோட நிறத்தை மட்டும் மென்பொருள் அழிச்சிடும், கை மட்டும் மிஞ்சும். உடை நீலமா இருக்கட்டும், பச்சை வேண்டாம். தேயிலைச் செடிக்கு முன்னாடி பச்சை உடையை வெச்சா மென்பொருள் செடியையும் சேர்த்து அழிச்சிடும். ஆனா கேமராவுல நீலத்துக்குத்தான் பொடிப்பொடியா புள்ளி தெரியுற இரைச்சல் அதிகம், அதனால உடை மேல வெளிச்சம் தாராளமா விழணும். மொபைல்ல நிறத் தகவல் குறைச்சலாதான் பதிவாகும், ஓரம் பல்லுப்பல்லா வரும். அந்த ஓரத்தைக் கையால வெட்டணும். பத்து விநாடிக்கு 240 ஃபிரேம்னு கணக்கு வெச்சுக்குங்க.

கேமராவை முக்காலியில பூட்டி, ஃபோகஸ், எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) மூணையும் ஆட்டோவிலிருந்து எடுத்துடுங்க. நடிகர் இல்லாத வெறும் இடத்தை 15 விநாடி எடுங்க. இதுதான் க்ளீன் பிளேட், உடையை அழிச்ச இடத்துல போய் உட்காருறது இதுதான்.

நம்ம ஊர்ல இது கெடுறதே இங்கதான். மிஸ்ட், அதான் மூடுபனி, நகர்ந்துகிட்டே இருக்கும். பிளேட் எடுத்தப்போ பின்னாடி சில்வர் ஓக் மரம் தெரிஞ்சிருக்கும், டேக் எடுக்கிறப்போ அது வெள்ளையா போயிருக்கும். ஒட்டினா ஆள் உருவத்துல ஒரு ஜன்னல் தொறந்த மாதிரி இருக்கும். அதனால பின்புலம் நடிகருக்கு ரெண்டு மூணு மீட்டருக்குள்ள இருக்கிற கல்சுவரா இருக்கட்டும், ஒவ்வொரு டேக்குக்கும் முன்னாலயும் பின்னாலயும் புது பிளேட் எடுங்க. மிஸ்ட் வேணும்னா கடைசியில கம்ப்யூட்டர்ல சேர்த்துக்கலாம்.

அடுத்தது நிழல். உடம்பை அழிச்சாலும் தரையில விழுந்த உடம்பு நிழல் அப்படியே நிக்கும். வெயில் நாள் வேண்டாம். மேகம் உசரத்துல பரவி நிக்கிற நாள்தான் சரி.

எல்லாத்தையும்விடப் பெரிய தலைவலி, இரும்பு பளபளன்னு இருந்தா நீல உடை அதுல பிரதிபலிக்கும். மென்பொருள் அந்த நீலத்தையும் அழிக்கும். மாயாவியோட கையில ஓட்டை விழுந்துடும்.

கோத்தகிரிக்காரி:
அப்போ கையைப் பளபளன்னு செய்யாதீங்க. நிஜ இரும்புத் தகடு எப்படியும் சரிப்படாது, நாலு டேக்குல தோள் இறங்கிடும். 5 மில்லிமீட்டர் ஈவிஏ ஃபோம் ஷீட் (ரப்பர் மாதிரி மெத்துன்னு இருக்கிற லேசான தகடு) போதும்.

மெல்லிய பருத்திக் கையுறை ஒண்ணு எடுத்து, அதுமேல துண்டு துண்டா ஒட்டணும். விரலுக்கு மூணு, கட்டைவிரலுக்கு ரெண்டு, மொத்தம் 14. மீன் செதில் மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு 5 மில்லிமீட்டர் ஏறி இருந்தா விரலை மடக்குறப்போ துணி தெரியாது. ஒட்டுறதுக்கு முன்னாடியே ஹீட் கன்ல சூடு காட்டி விரல் மேல வளைச்சுக்கணும், ஒட்டினப்புறம் வளைச்சா ஓரம் பிளக்கும். செருப்புக்கு ஒட்டுற மஞ்சப் பசையை ரெண்டு பக்கமும் தடவி, தொட்டா விரல்ல ஒட்டாத பதம் வந்ததும் அழுத்துங்க. ஈரமான நாள்ல இந்தப் பசை காயுறப்போ குளிர்ந்து, காத்துல இருக்கிற தண்ணியை இழுத்து மேல வெள்ளையா ஆடை கட்டும். அது கட்டினா ஒட்டவே ஒட்டாது. ஐப்பசி கார்த்திகை மழையில கோத்தகிரி, குன்னூர் பக்கம் செய்றவங்க அறையை முதல்ல ஹீட்டர் போட்டுக் காயவெச்சுட்டு, அப்புறம் அதை அணைச்சுட்டு ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவெச்சுப் பசை டப்பாவைத் தொடுங்க. அந்த ஆவிக்கு நெருப்பும் ஆகாது, மூடின அறையும் ஆகாது.

பூச்சு: முதல்ல பளபளக்காத கறுப்பு மேட் பெயிண்ட், அது காஞ்சதும் கிராஃபைட் (பென்சில் கரி) பொடியைத் துணியால தேய்ங்க. இரும்பு நிறம் வரும், கண்ணாடிப் பளபளப்பு வராது, நீலமும் ஏறாது.

யாரும் கேட்காத ஒண்ணு. மணிக்கட்டுல கை முடியுற இடத்துல என்ன தெரியும்? வரையுறவர் நிழல்ல முடிச்சுட்டுப் போயிடலாம். கேமரா அந்தப் பக்கம் திரும்பினா கிண்ணம் மாதிரி ஒரு பொந்து தெரியும், உள்ளே துணி. வட்டமா ஒரு மூடி வெட்டி வெக்கணும். ஆனா நடிகரோட கை அதுக்குள்ள போறதால மூடியை நிஜத்துல பொருத்த முடியாது. தனியா அதே கோணத்துல படம் எடுத்து அப்புறமா ஒட்டணும். இது புத்தகத்துல இல்லாதது. நாமதான் முடிவு பண்ணணும்.

கொடை வாசகன்:
இதைத்தான் சொல்ல வந்தேன், அக்கா. கட்டம் பதில் சொல்லாமல் தாண்டிப்போன கேள்விகளைக் கேமரா கேட்டே தீரும். மூடுபனியும் அப்படித்தான். மாயாவி பனிக்குள் நடந்தால் உடம்பு இருக்கும் இடத்தில் பனி இருக்காது. ஆள் உருவத்தில் ஒரு வெற்றிடம் நகரும். கையைவிடப் பயங்கரமான காட்சி அது. மலையில் எடுத்துவிட்டு அதை விடலாமா?

குன்னூர் கட்டம்:
விடத்தான் வேண்டும். பனியில் உடம்பு தெரிந்தால் எதிராளி நெஞ்சைக் குறிபார்ப்பான், கையைப் பற்றிக் கவலைப்பட மாட்டான். கதையின் விதி உடையும். பனியை வேறு விதமாகப் பயன்படுத்துங்கள்: ஐந்து மீட்டருக்கு மேல் எதுவும் தெரியாத மூடுபனிதான் அந்தக் கையை ஒளிக்கக்கூடிய ஒரே திறந்தவெளி. பனி விலக விலக அவருக்கு மறைவிடம் குறையும். அந்தப் பதற்றம் போதாதா?

கொடை வாசகன்:
இது நன்றாக இருக்கிறது. முழுக்க நன்றாக இருக்கிறது. ஆனால் கவனியுங்கள், பனிக்குள் கை இருக்கும்வரை நீங்களும் கையைக் காட்டப்போவதில்லை.

குன்னூர் கட்டம்:
காட்ட மாட்டேன்தான். பார்க்கிறவருக்குக் கை எங்கே என்று தெரியாத அந்த நிமிடத்துக்கு மட்டும். ‘எல்லா ஃபிரேமிலும்’ என்றதை வாபஸ் வாங்குகிறேன். வெற்றிடத்துக்கு இன்னும் ‘இல்லை’தான்.

கூடலூர் பக்கம்:
மாயாவியை வெளியிட்ட ஃப்ளீட்வே பதிப்பகத்தின் பழைய தொடர்களின் உரிமை 2018 முதல் பிரிட்டனின் ரெபெல்லியன் நிறுவனத்திடம் இருக்கிறது. அனுமதி இல்லாமல் மாயாவி பெயரில் பொதுவில் ஏற்றாதீர்கள். பயிற்சிக்காக எடுத்து நமக்குள் பார்ப்பதோடு நிற்கட்டும். எஸ்டேட் பாதை என்றால் நிர்வாகத்திடமும், காப்புக்காடு என்றால் வனத்துறையிடமும் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

லவ்டேல் லென்ஸ்:
அப்போ முதல் ஷாட் கல்சுவர். கை சுவரோரமா வருது, மூணு மீட்டர் நடை, 8 விநாடி, 192 ஃபிரேம். பனியைக் கம்ப்யூட்டர்ல சேர்க்கிறப்போ வெற்றிடத்தோட ஒண்ணு, இல்லாம ஒண்ணுன்னு ரெண்டு பிரதி போடறேன். மூல காட்சி ஒண்ணேதான், கூடுதல் செலவில்லை. ரெண்டையும் பார்த்துட்டு அடிச்சுக்கலாம்.

கோத்தகிரிக்காரி:
நடிகரோட வலது கை அளவு அனுப்புங்க. நடுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டுவரை நீளம், உள்ளங்கைச் சுற்றளவு, ஒவ்வொரு கணுவுக்கும் இடையில இருக்கிற தூரம். கையை நீட்டி ஒரு தடவை, மடக்கி ஒரு தடவை அளக்கணும். மடக்கின அளவு இல்லாம 14 துண்டையும் வெட்ட முடியாது.